லோரிக்குப் போட்ட பச்சை ஒட்டு

எங்கள் அப்பாவுக்குத் தெரியாத வேலையே கிடையாது. அதை அவரே சொல்வார். மலேசியாவின் போர்ட் கிள்ளானில் எங்கள் வீட்டுக் கூடத்தில் அவர் பழுதுபார்த்த மின்விசிறி ஒன்று வெகுகாலம் பின்பக்கமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. லோரியில் சரக்கின் மேல் போர்த்தும் கேன்வஸ் கிழிந்தபோதும் அவர் யாரையும் கேட்கவில்லை. ஒரு டின் பசை வாங்கி வந்து, கிழிசலின் மேல் ஒரு துண்டை ஒட்டி, இரண்டு தட்டுத் தட்டிவிட்டு லோடு ஏற்றப் போய்விட்டார்.

நெடுஞ்சாலையில் அந்தத் துண்டு காற்றோடு போய்விட்டது. அன்றைக்கென்று பார்த்து மழை. லோரியில் இருந்ததோ கோதுமை மாவு. திங்கட்கிழமை நல்ல கேன்வஸோடு வந்தால் லோடு உண்டு, இல்லாவிட்டால் வேறு லோரி பார்த்துக்கொள்வதாகக் கிடங்கு மேலாளர் சொல்லிவிட்டார். எங்களுக்கு இருந்தது அந்த ஒரு லோரி. அந்த லோரிக்கு இருந்தது அந்த ஒரு கிடங்கு. புதுக் கேன்வஸ் வாங்க அப்போது வழியில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை, அம்மா அந்த நீலக் கேன்வஸை வாசலில் விரிக்கச் சொன்னார். அம்மா வீட்டிலேயே ரவிக்கை தைத்துக் கொடுப்பவர். லோரியைத் தொட்டுக்கூடப் பார்த்ததில்லை. எட்டு வயதுக்காரியான நான் கிழிசலின் பக்கத்தில் படுத்து அளந்து பார்த்தேன். அது என்னைவிட நீளமாக இருந்தது.

“லோரி ஓடுறப்ப காத்து எங்கேருந்து வரும்?” என்று அம்மா கேட்டார்.

“முன்னாலேருந்துதான் லா. இதுகூடத் தெரியாதா?”

“தெரிஞ்சுதான் ஓரத்த முன்னால தொறந்து வச்சு ஒட்டுனீங்களா?”

அப்பா டயரைப் பார்க்கப் போய்விட்டார்.

அம்மா உள்ளே போய், கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு பச்சைக் கேன்வஸ் சுருளை இழுத்து வந்தார். கிள்ளான் தீபாவளிச் சந்தையில் ரவிக்கைக் கடை போடுவதற்காக, கூரைக்கென்று வாங்கி வைத்திருந்தது. அதன்மேல் உட்கார்ந்ததற்காக நான் ஒருமுறை அடி வாங்கியிருக்கிறேன்.

“அது ஒன் கடைக்கு வச்சதுலா. வேணாம்,” என்றார் அப்பா.

“நாளைக்கு மழ வந்தா கடையா வந்து மாவ மறைக்கும்?”

சிறு துண்டுகளாக ஒட்டினால் இணைப்புதோறும் ஒழுகும் என்று, ஒரே துண்டாக நடுவிலிருந்து நீளவாக்கில் வெட்டினார். கத்தரிக்கோல் ஒரு தடவைகூடத் தயங்கவில்லை. பச்சைத் துண்டின் முன் ஓரத்தை நீலத்துக்கு அடியில் செருகினார். பின் ஓரத்தை நீலத்தின் மேலே படியவிட்டார், கூரையில் ஓடு அடுக்குவதுபோல. காற்றுக்குப் பிடிக்க ஒரு விளிம்புகூட இல்லை. தையல் இயந்திரத்தின் ஊசி முதல் குத்திலேயே ஒடிந்தது. கோணி ஊசியில் மீன்பிடிக்கும் நரம்பைக் கோத்துக் கையாலேயே தைத்தார். ஊசித் துளைகளின் மேல் மெழுகுவர்த்தியைத் தேய்த்துக்கொண்டே போனார். ரவிக்கைக்குப் போடும் அதே நெருக்கமான தையல். நான் சாப்பிடக் கூப்பிட்டும் போகாமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் கேன்வஸை லோரியில் கட்டினார்கள். என்னை உள்ளே படுக்கச் சொல்லிவிட்டு, அப்பா குழாயைத் திறந்து மேலே தண்ணீர் பீய்ச்சினார். தலைக்கு மேல் தடதடவென்று பெருமழை. நீல வெளிச்சத்துக்கு நடுவே நீளமாக ஒரு பச்சை வெளிச்சம். வாயைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தேன். ஒரு சொட்டுகூட விழவில்லை. என் அம்மாவால் ஆகாதது இந்த உலகத்தில் எதுவுமில்லை என்று அப்போது உறுதியாக நம்பினேன்.

“சொட்டுதா?” என்று அப்பா வெளியிலிருந்து கத்தினார்.

“இல்லப்பா!”

இறங்கி வந்து பார்த்தால், அப்பா குழாயைப் பிடித்தபடி அம்மாவின் கைவிரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் மழையிலேயே மாவு போய்ச் சேர்ந்தது. லோடு எங்களுக்கே நிலைத்தது.

அந்தத் தீபாவளிக்குச் சந்தைக்குச் சும்மா சுற்றிப் பார்க்கப் போனோம். எனக்கு வளையல் கிடைத்த சந்தோஷம். அம்மாவோ எந்தக் கடையிலும் சாமான்களைப் பார்க்கவில்லை. ஒவ்வொரு கடை முன்னாலும் நின்று கூரையையே அண்ணாந்து பார்த்தார். தையல் சரியாக இருக்கிறதா என்று பார்க்கிறார் என நினைத்து, பெருமையோடு நானும் கூடவே அண்ணாந்து பார்த்தேன்.