பேர் சொல்லாமல் சொன்னது

எங்கள் கல்லூரியில் என்னைப் பார்த்து "உட்காருங்க அக்கா" என்று முதலில் சொன்னவர் அந்த மனோதத்துவப் பேராசிரியைதான். அதனால்தான் வலி அதிகம். கெட்டவர் செய்தால் திட்டிவிட்டுப் போகலாம்.

மரக்காணம் தாண்டி ஈசிஆரில், உப்பளத்தைப் பார்த்த மாதிரி இருக்கிற கல்லூரி. அங்கே கேன்டீன் நடத்துகிறேன். ஹாஸ்டல் பிள்ளைகளுக்குள் சாமி, மதம் என்று ஒரு சண்டை வந்து கைகலப்பாகிப் போனபின், பேராசிரியை புதன்கிழமை தோறும் ஒரு வட்டம் போட ஆரம்பித்தார். மாணவர்கள், டிரைவர்கள், துப்புரவுக்காரர்கள், நான், எல்லோரும் ஒரே மாதிரி நாற்காலியில். "மனசுல இருக்கறதைச் சொல்லுங்க. இங்க சொன்னது இங்கயே இருக்கும்" என்பார். எனக்குப் பேச்சு என்றால் உயிர். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரி சொல்கிற சொலவடையைக்கூட முந்தானையில் முடிந்துகொண்டு வருகிறவள் நான்.

ஒரு புதன்கிழமை, யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொல்லிவிட்டேன்.

கேன்டீனுக்கு மீன் போடுகிறவள் என் சிநேகிதி. கடலோரக் குப்பத்துக்காரி. அவள் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அவள் மாமியார் எனக்கென்று தனியாக ஒரு டம்ளரை எடுத்து, கழுவி, டீ ஊற்றித் தருவார். மற்றவர்களுக்கு வேறு டம்ளர்கள். முஸ்லிம் என்றுதானே என்று உள்ளே சுருக்கென்றிருக்கும். சிரித்துக்கொண்டே குடிப்பேன். வட்டத்தில் இதைச் சொன்னபோது அழுதுவிட்டேன். பேராசிரியை என் கையைப் பிடித்துக்கொண்டார்.

கல்லூரி ஆண்டு விழாவில் அவர் பேச்சு என்றதும் சிநேகிதியை நான்தான் வற்புறுத்தினேன். "வாடி, மேடம் பேசுனா கேட்டுக்கினே இருக்கலாம்." மீன் கூடையைக் கேன்டீனில் வைத்துவிட்டு, பூ வைத்துக்கொண்டு வந்தாள். முன்வரிசையில் உட்காரவைத்தேன்.

'நம்மவர்' என்ற உணர்வைப் பற்றித்தான் பேச்சு. நடுவில் திரையில் ஒரு டம்ளர் படம் வந்தது. "இந்த வளாகத்திலேயே உணவு பரிமாறுகிற ஒரு முஸ்லிம் சகோதரி. அவருடைய நெருங்கிய தோழி மீனவப் பெண். அந்த வீட்டில் இவருக்கு மட்டும் தனி டம்ளர்..." என் காதுக்குள் கடல் இரைந்தது. கைதட்டல் ஓயவில்லை. சிநேகிதியின் கைகள் மட்டும் மடியிலேயே கிடந்தன.

வெளியே வந்ததும் கேட்டாள்: "அந்தப் பொம்பள எங்க வூட்டுக்கு எப்ப வந்துச்சி?"

"வரல."

"அப்ப யாரு சொன்னது?"

நான் தரையைப் பார்த்தேன்.

"ஏண்டி, என் வூட்டுக்காரன் குடிச்சிட்டு வந்தான்னா எந்த டம்ளர்ல சாராயம் ஊத்துவான்னு அவனுக்கே தெரியாது. வூட்ல இருக்குற அத்தனை டம்ளர்லயும் அவன் வாய் பட்டிருக்குது. சாமி மாடத்துல மட்டுந்தான் கை வெக்க மாட்டான். பாயம்மா வாயில ஹராம் பட்டுடக் கூடாதுன்னு எங்க மாமியா அந்த ஒரு டம்ளரை சாமிக்குப் பக்கத்துல ஒளிச்சி வெச்சிக்கினு இருக்குது. எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா நீ? ஊரு பூரா சொல்லிக்கினு வந்திருக்க!"

கேன்டீனிலிருந்த கூடையை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். மறுநாளிலிருந்து மீனை வேறு ஒருத்தி கொண்டுவந்தாள்.

பேராசிரியையின் அறைக்குப் போனேன். வழக்கம்போல "உட்காருங்க அக்கா" என்றார். உட்காரவில்லை.

"இங்க சொன்னது இங்கயே இருக்கும்னு சொன்னீங்களே மேடம்."

"நான் யார் பேரையும் சொல்லலியே அக்கா? எத்தனை பேர் அழுதாங்க தெரியுமா? உங்க கதைக்கு அவ்ளோ சக்தி."

"மரக்காணத்துல இந்தக் காலேஜு ஒண்ணு. இதுல கேன்டீன் ஒண்ணு. கேன்டீன்ல பாயம்மா ஒருத்தி. பேரு எதுக்கு மேடம்?"

சாமி மாடத்து விஷயத்தையும் சொன்னேன். ஒரு நொடி அவர் முகம் மாறியது. பிறகு அதே கனிவான குரல்: "ரொம்பக் காயப்பட்டிருக்கீங்க. வர்ற புதன்கிழமை வட்டத்துல இதையே பேசலாமா?"

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது என்பார்கள். நான் ஊர் வாய்க்குப் பயந்து வாயைக் கட்டியவள்தான். காது தருகிறேன் என்று கூப்பிட்டு உட்காரவைத்தவரிடம் கட்டை அவிழ்த்தேன். நான் நினைத்தது தப்பாகவே இருக்கட்டும். என்றைக்காவது ஒரு நாள், மீன் ஆய்ந்துகொண்டே, "ஏண்டி எனக்கு மட்டும் அந்த டம்ளரு?" என்று வாய்தவறிக் கேட்டிருப்பேன். அவள் சிரித்திருப்பாள். அந்த நாளை மேடையில் ஏற்றிச் செலவழித்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை குப்பத்துக்குப் போனேன். மாமியார் "வா பாயம்மா, குந்து" என்றார். சிநேகிதி அடுப்பங்கரையை விட்டு வரவில்லை. டீ வந்தது. எனக்குப் பேப்பர் கப்பில். மாமியாருக்கும் பேப்பர் கப். வீட்டுப் பிள்ளைகளுக்கும் பேப்பர் கப். மாடத்தில் டம்ளர் இருந்த இடத்தில் தீப்பெட்டி இருந்தது.

"அத்தே, அந்த டம்ளர்லயே குடுங்க" என்றேன்.

"வேணாம்மா. எல்லாருக்கும் ஒரே மாதிரி இருந்துட்டுப் போவட்டும். நாளைக்கி யாரும் எதுவும் சொல்ல முடியாது பாரு" என்றார். கோபமே இல்லாமல் சொன்னார்.

கப் விரலைச் சுட்டது. குடித்து முடித்தேன். முன்பெல்லாம் டம்ளரைக் கழுவ எழுந்தால், "வெய்யிடி, உன்ன யாரு கழுவச் சொன்னா?" என்று சிநேகிதி பிடுங்கிக்கொள்வாள். இப்போது கழுவ எதுவும் இல்லை. அடுப்பங்கரையையே பார்த்தபடி, காலிக் கப்பைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.