எட்வின் அனுப்பிய தவணை

அனுமந்தன்பட்டியில் ஜெயமேரி தலைவியாக இருந்த மகளிர் குழு, பதினோரு வருடத்தில் வங்கிக்கு ஒரு தவணைகூடத் தவறவிட்டதில்லை. அதற்குக் காரணம் ஜெயமேரியின் வாய் என்பது ஊரறிந்த சங்கதி. செவ்வாய்க்கிழமை கூட்டத்துக்குப் பணமில்லாமல் வந்தவள் தலை நிமிர்ந்து வீடு திரும்ப முடியாது.

ராமுத்தாய் ஒருமுறை இரண்டு வாரம் தவறினாள். திராட்சைத் தோட்டத்தில் மருந்தடித்துக்கொண்டிருந்த அவள் புருஷன் மயங்கி விழுந்து தேனி ஆஸ்பத்திரியில் கிடந்த நேரம் அது.

"சீக்கு எல்லார் வீட்டுக்குந்தேன் வருது. வாங்குன கடனக் கட்டாதவளுக்கு மானம்னு ஒண்ணு இருக்கா?" என்று அத்தனை பெண்கள் முன்னாலும் கேட்டுவிட்டாள் ஜெயமேரி. ராமுத்தாய் காதுத் தோட்டைக் கழற்றி அடகு வைத்து, மறுநாள் காலையில் பணத்தைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனாள்.

அந்தக் குழு கறவை மாடு வாங்கக் கடன் கேட்டு உத்தமபாளையத்தில் ஒரு வங்கியில் மனுக் கொடுத்திருந்தது. பன்னிரண்டு பேருக்குப் பன்னிரண்டு மாடு. மேலாளர் கூப்பிட்டனுப்பியதும் ஜெயமேரி ராமுத்தாயையும் அழைத்துக்கொண்டு போனாள். குழுவின் இன்னொரு கையெழுத்து ராமுத்தாயினுடையது. ஆதார் நகல் ஒன்று தெளிவாக இல்லையென்று அவளை ஜெராக்ஸ் கடைக்கு அனுப்பிவிட்டு, மேலாளர் கணினியைப் பார்த்தபடி குரலைத் தாழ்த்திக்கொண்டார். வெளியூர்க்காரர், சின்ன வயது.

"அம்மா, மத்த பதினோரு பேர் மேலயும் ஒரு குறையும் இல்ல. உங்க பேர்லதான் பிரச்சனை. எட்வின்ங்கிறது உங்க மகனா?"

ஜெயமேரி வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுத் தலையாட்டினாள்.

"வேற பேங்க்ல அவர் வாங்கின கல்விக் கடன்ல நீங்களும் சேர்ந்து கையெழுத்துப் போட்டிருக்கீங்க. மூணு வருஷமா தவணையே வரல. வராக்கடன்ல சேர்த்துட்டாங்க. நீங்க இருக்கிற வரைக்கும் இந்தக் குழுவுக்கு என்னால லோன் தர முடியாதும்மா."

நகலோடு ராமுத்தாய் திரும்பி வந்தாள். "என்னக்கா சொன்னாக?"

"ஒரு சான்றிதழ் குறையுதாம்" என்றாள் ஜெயமேரி.

பஸ்ஸில் வரும்போது ராமுத்தாய் விடவில்லை. "எந்தச் சான்றிதழ்க்கா? நான் வேணா இ-சேவையில போயி வாங்கியாரேன்." ஜெயமேரி சன்னலுக்கு வெளியே வயலைப் பார்த்துக்கொண்டு வந்தாள். ஊர் வந்து சேரும்வரை முகத்தைத் திருப்பவில்லை.

எட்வினுக்கு இன்ஜினியரிங் சீட் கிடைத்தபோது அந்தக் கடனுக்கு அலைந்தவளே அவள்தான். அவள் கணவன் பீட்டர்ராஜ் கம்பம்மெட்டுக்கு மேலே ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப் ஓட்டுகிறவன். ஆபீஸ் வாசல் என்றாலே அவனுக்கு ஆகாது. வருமானச் சான்று, சாதிச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று என்று ஒவ்வொன்றாக அவள்தான் வாங்கினாள். மனு முழுக்க இங்கிலீஷ். காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டாள். கடைசியாகக் கிளார்க் ஒருவர், "வருசா வருசம் வருமானச் சான்று கொண்டாந்து குடுங்க. படிக்கிற காலத்து வட்டிய அரசாங்கமே ஏத்துக்கிரும்" என்றார். முதல் வருடம் கொடுத்தாள். அடுத்த வருடம், அதே ஜீப், அதே வருமானம், இதற்கெதற்கு இன்னொரு சான்று என்று விட்டுவிட்டாள். எட்வின் படித்து முடித்தபோது வாங்கிய மூன்று லட்சம் வட்டியோடு சேர்ந்து நான்கைத் தாண்டியிருந்தது. ஏன் என்று கேட்க வெட்கப்பட்டுக்கொண்டு வாயைத் திறக்கவில்லை.

எட்வினுக்கு ஓசூரில் வேலை கிடைத்தது. "அந்தக் கணக்கு வழக்கெல்லாம் எனக்குப் புரியலம்மா. நான் உனக்கு அனுப்புறேன், நீ நேர்ல கட்டிரு" என்றான். ஒரு வருடம் ஒழுங்காகக் கட்டினாள். கொரோனா வந்ததும் ஆறு மாதம் கட்டவேண்டியதில்லை என்று செய்தி வந்தது. அந்த ஆறு மாதத்து வட்டி அசலோடு சேரும் என்பதை யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. அதன் பிறகு தேர்தல். டீக்கடையிலும் கோயில் வாசலிலும் பீட்டர்ராஜின் ஜீப்பிலும் ஒரே பேச்சு, கல்விக் கடன் தள்ளுபடி ஆகப்போகிறது, இப்போது கட்டுகிறவன் ஏமாளி.

ஜெயமேரி ஏமாளியாக விரும்பவில்லை. மகன் அனுப்பிய பணத்தை ஒரு டப்பாவில் போட்டுவைத்தாள். தள்ளுபடி ஆனதும் மொத்தமாக எடுத்து அவன் கையில் கொடுத்தால் எப்படிச் சந்தோஷப்படுவான் என்று நினைத்துக்கொண்டாள். மகன் காசைத் தொடுகிற எண்ணம் சத்தியமாக அப்போது இல்லை.

தேர்தல் வந்தது, போனது. அவள் கடனுக்குத் தள்ளுபடி வரவில்லை. அதற்குள் பதினோரு தவணை நின்றுபோயிருந்தது. ஜீப் இன்ஜின் இறங்கிவிட்டது, வேலை பார்த்தால்தான் ஓடும் என்று பீட்டர்ராஜ் வந்து நின்றபோது டப்பாவைத் திறந்தாள். குழுவில் வாங்கியது என்று சொல்லிக் கொடுத்தாள். அப்புறமும் மாதாமாதம் எட்வினிடமிருந்து பணம் வந்துகொண்டுதான் இருந்தது. அத்தனை பாக்கி கிடக்க, ஒற்றைத் தவணையைக் கையில் வைத்துக்கொண்டு வங்கியில் போய் எந்த முகத்தோடு நிற்பது? அடுத்த மாதம் இரண்டாகச் சேர்த்துக் கட்டலாம் என்பாள். அடுத்த மாதம் கூரை ஒழுகும். வங்கிக் கடிதங்களைப் பீரோவில் சேலைகளுக்கு அடியில் தள்ளினாள். "கட்டிட்டியாம்மா?" என்று எட்வின் போனில் கேட்பான். "கட்டிட்டேன்யா" என்பாள். நாளாக ஆக, அந்தச் சொல் தடுமாறாமல் வந்தது.

வங்கிக்குப் போய்வந்த மூன்றாம் நாள், கடிதங்களையெல்லாம் ஒரு மஞ்சப்பைக்குள் போட்டுக்கொண்டு ஓசூருக்குப் பஸ் ஏறினாள். போனில் சொல்ல வாய் வராது. எட்வினின் அறையில் கூட்டாளிகள் இருந்தார்கள். அவனைத் தெருமுனை வேப்பமரத்துக்கு அழைத்துப்போய்ப் பையை நீட்டினாள். அவன் ஒவ்வொன்றாகப் பிரித்துப் படித்தான்.

"எத்தன மாசம்மா?"

"முப்பத்தெட்டு."

"நான் அனுப்புனது?"

"செலவாயிருச்சுய்யா."

அவன் சத்தம் போடுவான் என்று பார்த்தாள். போடவில்லை. கடிதங்களைத் தேதிவாரியாக அடுக்கினான். பிறகு மெதுவாகச் சொன்னான்.

"போன மாசம் பைக் லோன் கேட்டேன். உங்க பேர்ல பாக்கி இருக்கு, தர முடியாதுன்னான் லோன் குடுக்கிறவன். எல்லாரும் பாக்க அவன்ட்ட சண்ட போட்டேன்மா. எங்கம்மா மாசாமாசம் கட்டுறாக, நீ ஒழுங்காப் பாருடான்னு கத்துனேன்."

ஜெயமேரிக்கு உட்கார வேண்டும்போல் இருந்தது. அங்கே உட்கார ஒன்றும் இல்லை. அவன் கையிலிருந்த கடிதங்களையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அடுத்த வாரம் எட்வின் விடுப்பு எடுத்து வந்தான். அவளையும் அழைத்துக்கொண்டு கல்விக் கடன் கொடுத்த வங்கிக்குப் போனான். அங்கே மேலாளர் இரண்டு வழி சொன்னார். மக்கள் நீதிமன்றத்தில் பேசி முடித்தால் பாதித் தொகையோடு போய்விடலாம். ஆனால் முழுசாகக் கட்டாமல் முடித்தது என்று இரண்டு பேர் மேலேயும் வருடக்கணக்கில் நிற்கும். இல்லையென்றால் பாக்கியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டி, கடனைப் பழையபடி ஓட்டத்துக்குக் கொண்டுவரலாம்.

"முழுசாவே கட்டிருவோம் சார். பாதி கட்டி முடிச்சாகன்னு ஊருக்குள்ள பேரு வேணாம்" என்று முந்திக்கொண்டாள் ஜெயமேரி.

எட்வின் திரும்பிப் பார்த்தான். "உன் மானத்துக்கு நான் கட்டணுமாம்மா?"

மேலாளர் ஏதோ காகிதத்தைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டார். ஜெயமேரி அதன்பின் அந்த அறையில் வாய் திறக்கவில்லை. கடைசியில் எட்வினே முழுசாகக் கட்டுவதாக எழுதிக் கொடுத்தான். நாளைக்கு எனக்கு ஒரு வீடு, வாசல் வேணும் சார், அதுக்குத்தான் என்று சொல்லிவிட்டே கையெழுத்துப் போட்டான். ஜெயமேரி கழுத்துச் செயினை விற்று முதல் பாக்கிக்குக் கொடுத்தாள். அவன் வேண்டாமென்று சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை கூட்டத்தில் எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னாள். சான்றிதழ் என்று சொன்னது பொய், மாடு வராமல் நிற்பது தன்னால், மகன் பணத்தைத் தின்றது தான். சொல்லச்சொல்லத் தன் குரல் தனக்கே யாரோ பேசுவதுபோல் இருந்தது. ஒருத்தி, "விடுங்கக்கா, யாரு வீட்டுல இல்லாதது" என்றாள்.

ராமுத்தாய்தான் தலையாட்டினாள், இல்லையென்று. "அப்பிடி நான் சொல்லமாட்டேன்க்கா. அன்னைக்குக் காதுத் தோட்ட அடகு வச்சதுகூட எனக்குப் பெருசா தெரியல. நீங்க கேட்ட கேள்விதேன் ரொம்ப நாளு தூங்கவிடல. அதே கேள்விய இன்னைக்கு நான் கேட்டா நீங்க தாங்கமாட்டீக. கேக்கல. ஆனா பேர எடுத்துருங்க. பதினோரு வீட்டுக்கு மாடு வரணும்."

ஜெயமேரி தீர்மான நோட்டில் தானே எழுதிக் கையெழுத்துப் போட்டாள். "அன்னைக்கு நான் கேட்டது தப்புத்தேன் ராமுத்தாயி" என்றாள். "சரிக்கா" என்று நோட்டை வாங்கிக்கொண்டாள் ராமுத்தாய். மன்னித்தேன் என்று அவள் சொல்லவுமில்லை, ஜெயமேரி எதிர்பார்க்கவுமில்லை.

இரண்டு மாதத்தில் பதினோரு மாடும் வந்து இறங்கின. ராமுத்தாய் இப்போது தலைவி. தவறுகிறவர்களை அவள் கூட்டத்தில் கேட்பதில்லை. வீட்டுக்குப் போய்க் கேட்கிறாள். அப்படியும் தவணை தவறவில்லை என்பதுதான் ஜெயமேரிக்கு எல்லாவற்றையும்விட உறைத்தது.

எட்வின் தவணையைப் போனிலேயே கட்டிக்கொள்கிறான். வீட்டுக்குப் பணம் அனுப்பினால் பீட்டர்ராஜ் கணக்குக்கு அனுப்புகிறான். ரொம்ப நாள் அவளிடம் பேசவேயில்லை. ஒருநாள் மத்தியானம் அவள் போனுக்கே கூப்பிட்டான்.

"பேங்க்லருந்து ஒரு பாரம் வரும்மா. புதுத் தவணைக்கு ஒன் கையெழுத்தும் வேணுமாம். கையெழுத்துப் போடுறதுக்கு முந்தி ஒவ்வொரு பக்கத்தையும் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு. நான் படிச்சுட்டுச் சொன்ன பெறகுதேன் போடணும்."

"சரிய்யா."

பாரம் வந்தது. ஆறு பக்கம். ஆறையும் ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் விரித்துவைத்துப் படமெடுத்து அனுப்பிவிட்டு, பேனாவை மூடிவைத்துவிட்டு அவன் பதிலுக்காக உட்கார்ந்திருந்தாள்.