பிடித்துக்கொள்ளக் கம்பி இல்லாத மோட்டார்

2024 ஜூலை 14, ஞாயிற்றுக்கிழமை. வழக்கம்போல் ஐந்தரைக்கு எழுந்தேன். கோப்பி கலக்கினேன். பால்கனியில் தொங்கிய துணிகளைத் தொட்டுப் பார்த்தேன். முந்தைய நாள் முழுக்கப் பெய்த மழையில் ஒன்றுகூடக் காயவில்லை. சாமி படத்துக்கு விளக்கேற்றிவிட்டு, கீழே போய் எங்கள் இரண்டு மோட்டார் சைக்கிள்களின் டயரிலும் காற்றை அளந்தேன். ஞாயிறுதோறும் செய்வதுதான். என் பிழைப்பே அளப்பது. பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில், அளவுக் கருவிகள் சரியாக அளக்கின்றனவா என்று சோதிக்கும் பிரிவில் வேலை செய்கிறேன்.

இரண்டு மோட்டார்களில் சின்னது கப்சாய். கிளட்ச் பிடி இல்லாத, நூற்றுப் பத்து சிசி வண்டி. இந்த நாட்டில் மோட்டார் ஓட்டுபவர்களில் பெரும்பாலோர் அதில்தான் தொடங்கியிருப்பார்கள், நானும் அப்படித்தான். பெரியது அறுநூற்றைம்பது சிசி ஸ்போர்ட்ஸ் மோட்டார். கறுப்பு. முன்பக்கம் சற்றுக் குனிந்து ஓட்ட வேண்டும். அது வந்து ஆறு வாரம் ஆகியிருந்தது.

நாற்பத்தாறு வயதில் எதற்கு இது என்று கேட்டவர்களுக்கு ஆளுக்கொரு பதில் சொன்னேன். தீவிலிருந்து அக்கரைக்குப் போகும் கடற்பாலத்தில் காற்று அடிக்கும்போது சின்ன வண்டி தள்ளாடுகிறது என்றேன். பிரேக் நன்றாகப் பிடிக்கும் என்றேன். இரண்டும் உண்மை. ஆனால் முதல் காரணம், எனக்கு அது பிடித்திருந்தது. பெரிய மோட்டாருக்குத் தனி லைசென்ஸ் வேண்டும். பயிற்சி மைதானத்தில் என்னைத் தவிர எல்லாரும் இளைஞர்கள். குறுகிய பலகை ஒன்றின் மேல், சக்கரம் கீழே இறங்காமல், மெதுவாக ஓட்டிக் கடக்க வேண்டும். வேகமாகப் போனாலும் தோல்வி. முதல் முறையே கடந்தேன். மெதுவாகவும் நேராகவும் செய்ய வேண்டிய எதையும் என்னால் செய்ய முடியும்.

என் கணவர் மோட்டார் ஓட்டுவதில்லை. இளம் வயதில் இரண்டு முறை தேர்வுக்குப் போய், இரண்டு முறையும் அந்தப் பலகையிலிருந்து சக்கரத்தை இறக்கிவிட்டார். மூன்றாவது முறை போகவில்லை. கல்யாணமான நாளிலிருந்து நான் ஓட்டுகிறேன், அவர் பின்னால் உட்கார்கிறார். காலையில் வீடு இருக்கும் ஆயர் ஈத்தாமிலிருந்து கிளம்பி, துறைமுகத்துக்குப் பக்கத்தில் அவர் கணக்கெழுதும் கப்பல் ஏஜெண்ட் அலுவலகத்தில் இறக்கிவிட்டு, நான் வேலைக்குப் போவேன். எங்கள் வீட்டுப் பேச்சில் பாதி அந்தப் பயணத்தில்தான் நடக்கும். சிவப்பு விளக்குக்கு நின்றதும் அவர் முன்னால் சாய்ந்து ஏதாவது சொல்வார். பச்சை விழுந்ததும் நிறுத்திவிடுவார். மீதி அடுத்த சிவப்பில். வீட்டுக்குள் அவ்வளவு பேசுகிறவர் இல்லை.

ஆனால் இருபத்தொரு வருடமாக, பின்னால் உட்காரும்போது அவர் என்னைத் தொட்டதில்லை. இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் நீட்டி, கப்சாயின் பின்கம்பியைப் பிடித்துக்கொள்வார்.

பெரிய மோட்டாரில் அந்தக் கம்பி இல்லை. கடையிலேயே அது தெரிந்துபோயிற்று.

"அக்கா, இதுல புடிச்சிக்க ஒன்னும் கிடையாது," என்றார் விற்பனையாளர். "அண்ணன் உங்க இடுப்பதான் புடிச்சிக்கணும்."

என் கணவர் உடனே திரும்பி, பக்கத்தில் நின்ற வேறொரு வண்டியின் டயரை ஆராயத் தொடங்கிவிட்டார்.

அதற்குப் பிறகு ஆறு வாரமும் ஒவ்வொரு காரணம். இருக்கை இடியாப்பத் தட்டு அளவுதான் இருக்கிறது. முதுகு வலிக்கிறது. காலை அகட்டி ஏறினால் புது சிலுவார் தொடையில் கிழிந்துவிடும். அதனால் வேலை நாள்களில் அவரோடு கப்சாயில் போனேன்; சனிக்கிழமைகளில் நான் மட்டும் பெரியதை எடுத்துக்கொண்டு பாலிக் புலாவ் பக்கம் சுற்றிவிட்டு வந்தேன். எங்கள் ஃப்ளாட்டின் கீழே கோப்பிக் கடை வைத்திருப்பவர் ஒரு நாள் அவரைச் சும்மா விடவில்லை.

"என்னண்ணே, அக்கா ரோக்கெட்டு வாங்கிட்டாங்க, நீங்க இன்னும் கப்சாய்லயே தொங்குறீங்க?"

"எனக்கு நிலாவுல வேலை இல்ல லா," என்றார் இவர்.

எனக்கு ஒன்று மட்டும் தெளிவாக இருந்தது. இவர் பின்னால் ஏறாவிட்டால் என்றாவது ஒரு நாள் பஸ்ஸில் போகத் தொடங்குவார். சிவப்பு விளக்குப் பேச்சு முடிந்துபோகும். நான் அதை இழக்கத் தயாராக இல்லை. பெரிய மோட்டாரையும் விடத் தயாராக இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதிய உணவுக்கு என் தங்கை எங்களை, பாலம் தாண்டி தாசேக் கெலுகோரில் இருக்கும் தன் வீட்டுக்குக் கூப்பிட்டிருந்தாள். சனிக்கிழமை இரவு அவராகவே சொன்னார்.

"சரி. பெரியதுலயே போவோம். அந்தப் பக்கம் நம்மள யாருக்கும் தெரியாது."

ஆனால் ஃப்ளாட் வாசலில் ஏற மாட்டாராம். பள்ளிக்கூட மதில் முனையில் வந்து நிற்பதாகச் சொன்னார். கையில் ஹெல்மெட்டோடு முன்னால் நடந்துபோனார். நான் ஐந்து நிமிடம் கழித்துப் போய் அவரை ஏற்றிக்கொண்டேன், ஏதோ ஓடிப்போகும் ஜோடியைப்போல. இருக்கையின் இரண்டு ஓரத்தையும் உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். பாலத்தில் காற்று பலமாக இருந்தது. மோட்டார் அசையவில்லை. எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது, கண்ணாடியில் அவர் முகம் தெரிகிறதா என்று பார்த்தேன். முழங்கால் மட்டும்தான் தெரிந்தது.

பிறை ஊரைத் தாண்டி நெடுஞ்சாலையில் வடக்கே போய்க்கொண்டிருந்தபோதுதான் தவறு நடந்தது.

கப்சாயில் கியர் ஏற்ற, கால்விரலால் லீவரைக் கீழே மிதிக்க வேண்டும். பெரிய மோட்டாரில் நேர்மாறு: அடியில் விரலைக் கொடுத்து மேலே தூக்கினால்தான் கியர் ஏறும், மிதித்தால் இறங்கும். இது எனக்கு நன்றாகத் தெரியும். பயிற்சியின் முதல் நாளே சொல்லிக்கொடுத்ததுதான். ஒரு லாரியை முந்தி வந்து, வேகத்தைக் கூட்டி, கிளட்சைப் பிடித்தேன். என் இடது கால் மிதித்தது.

கிளட்சை விட்டதும் இஞ்சின் அலறியது. யாரோ பின்னாலிருந்து இழுத்ததுபோல் வண்டியின் வேகம் வெட்டிக் குறைந்தது. அவருடைய ஹெல்மெட் என் ஹெல்மெட்டில் 'டங்'கென்று மோத, இரண்டு கைகளும் என் இடுப்பைச் சுற்றி வந்து பூட்டிக்கொண்டன. நான் கிளட்சை மறுபடி பிடித்து, கியரைச் சரிசெய்து, இடது ஓரமாக ஒதுங்கி, மோட்டார்க்காரர்கள் மழைக்கு நிற்கும் மேம்பாலத்து அடியில் நிறுத்தினேன். வண்டி நேராகத்தான் நின்றது. பின்னால் வந்த லாரியும் தூரத்தில்தான் இருந்தது. ஆனாலும் அப்படி ஒரு தவறு என் காலிலிருந்து வந்தது எனக்குச் சுருக்கென்றிருந்தது.

"என்ன ஆச்சி?" என்றார்.

"என் தப்பு. தூக்குறதுக்குப் பதிலா மிதிச்சிட்டேன்."

"அதான் பாத்தேன்."

"நீங்க எங்க பாத்தீங்க? கண்ண மூடிட்டுல்ல வந்தீங்க."

"பாலத்துலதான் மூடினேன். அப்புறம் தொறந்துட்டேன் லா." பிறகு, "திங்கக்கெழமையும் இதையேதான பண்றே," என்றார்.

"எந்தத் திங்கக்கெழமை?"

"எல்லாத் திங்கக்கெழமையும். கப்சாய்ல. பச்சை லைட்டு விழுந்ததும் மிதிக்காம கால மேல தூக்குறே. கியர் விழாம நியூட்ரல்லயே நிக்கும். வண்டி நகராம கத்தும். பின்னால உள்ளவன் ஹார்ன் அடிப்பான். அப்புறம்தான் மிதிக்கிறே. செவ்வாய்க்கெழமை சரியாப்போயிடும்."

யோசித்துப் பார்த்தேன். உண்மைதான். திங்கட்கிழமை கால் இன்னும் சனிக்கிழமை ஓட்டிய பெரிய மோட்டாரில் இருந்தது. இன்றைக்கு அது தலைகீழ்: நேற்று மழையென்று பெரியதை எடுக்கவில்லை, வாரம் முழுக்கக் கப்சாய் ஓட்டிய காலோடு நேராக இதில் ஏறிவிட்டேன். தொழிற்சாலையில் ஒரு கருவி இப்படி இரண்டு விதமாகக் காட்டினால் அன்றைக்கே சிவப்புச் சீட்டு ஒட்டி ஒதுக்கிவைத்திருப்பேன்.

"இத்தன நாளு ஏன் சொல்லல?"

"மெஷினுக்கே தப்பு கண்டுபிடிக்கிறவ நீ. உனக்குத் தெரியாமலா இருக்கும்னு இருந்துட்டேன்."

"ரெண்டுல ஒன்னு போகணும்," என்றேன். "ரெண்டையும் ஓட்டினா ரெண்டுலயும் உங்களக் கீழ போட்டுடுவேன்."

"எது போகணும்?"

"சின்னது."

"அப்ப நான் பஸ்ஸா?"

"அது உங்க இஷ்டம். பின் சீட்டு உங்களுக்குத்தான்."

"புடிக்கக் கம்பி இல்லையே."

"இப்ப எதப் புடிச்சிட்டு இருக்கீங்க?"

அவர் குனிந்து பார்த்தார். அப்போதுதான் கையை எடுத்தார்.

மீதி வழி முழுக்க, கியர் மாற்றும் ஒவ்வொரு முறையும் ஹெல்மெட்டுக்குள் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஓட்டினேன்: ஏத்தணும், தூக்கு. இறக்கணும், மிதி. காலும் கேட்டுக்கொண்டது. வண்டி நகர்ந்த கொஞ்ச நேரத்தில் அவருடைய கைகள் மறுபடி என் இடுப்புக்கே வந்துவிட்டன. நெடுஞ்சாலையை விட்டு இறங்கினோம். சின்னச் சாலைக்கு வந்தோம். இரண்டு பக்கமும் செம்பனை மரங்கள். அங்கே வேகமே இல்லை. ஆனாலும் அவர் கைகளை எடுக்கவில்லை.

என் தங்கை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். நான் இஞ்சினை நிறுத்தி, ஸ்டாண்டைத் தள்ளி, ஹெல்மெட்டையும் கழற்றிவிட்டேன்.

"மாமா, வீடு வந்திருச்சி," என்றாள் அவள். "கைய எடுத்துக்கலாம்."

"கை மரத்துப்போச்சி லா."

"எதப் புடிச்சி மரத்துப்போச்சி?"

அவர் இறங்கி, நேராகத் தண்ணீர் குடிக்க உள்ளே போய்விட்டார்.

சாப்பாட்டில் நண்டுக் குழம்பு. கப்சாயை விற்கப்போகிறேன் என்று நான் சொல்லி முடிக்கவில்லை, தங்கை பிடித்துக்கொண்டாள்.

"எனக்குக் குடு அக்கா. காய்கறி வாங்கப் பாசாருக்குப் போய்வர எனக்கு ஒரு வண்டி வேணும்னு எத்தன நாளா சொல்றேன்."

"அப்ப நான் எதுல போறது?" என்றார் இவர்.

"இப்ப வந்தீங்களே, அதுல."

"இங்க வேற, ஆயர் ஈத்தாம் வேற. அங்க நாலு பேரு பாப்பாங்க."

"பாத்தா என்ன மாமா? வேற யாரையாச்சும் புடிச்சீங்களா? எங்க அக்காவத்தான?"

அவர் நண்டுக் காலை உடைப்பதில் மும்முரமானார். காது இரண்டும் சிவந்திருந்தன. அடுத்த சனிக்கிழமை தங்கை வந்து கப்சாயை எடுத்துக்கொள்வதாகப் பேசி முடித்தோம். அதுவரை நான் அதைத் தொடப்போவதில்லை என்று இரண்டு பேருக்கும் கேட்கும்படி சொன்னேன். நாளையிலிருந்து என் கால் ஒரு வண்டியைத்தான் ஓட்டும். வருவதும் வராததும் அவர் முடிவு என்று மறுபடி சொல்லவில்லை. அது அவருக்குத் தெரியும். நான் வற்புறுத்தி அவர் ஏறினால், முதல் சிவப்பு விளக்கில் பேச அவரிடம் ஒன்றும் இருக்காது.

திரும்பும்போது ஒரு தவறும் நடக்கவில்லை. பாலத்தின் உச்சியில் அவர் என் தோளைத் தட்டி, கையை நீட்டிக் கடலைக் காட்டினார். சரக்குக் கப்பல் ஒன்று நின்றது. அவருடைய அலுவலகம் பார்க்கும் கப்பலாக இருக்கும். ஒரு கையால் மட்டும் பிடித்திருக்கிறார் என்பதைக் கவனித்தேன்.

ஆயர் ஈத்தாம் வந்ததும், இனி நேரே வீட்டு வாசல்தான் என்று நினைத்தேன். பள்ளிக்கூட மதில் முனையில் தோளை மறுபடி தட்டினார். இறங்கிக்கொண்டார்.

"கறிபாப் வாங்கிட்டு வரேன். நீ போ."

நான் தனியாகக் கீழே வந்து நிறுத்தினேன். கோப்பிக் கடைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "தனியாவா அக்கா?" என்றார். "ஆமா," என்றேன். அந்த ஒரு சொல் எனக்குப் பிடிக்கவில்லை. வண்டியைத் துணியால் துடைத்தேன், சங்கிலியில் எண்ணெய் விட்டேன், துடைக்க இன்னும் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தேன். அவர் கறிபாப் பொட்டலத்தோடு நடந்து வந்து, என்னைத் தாண்டி மாடி ஏறிப் போனார்.

மாலையில் கறிபாப்பும் மீதமிருந்த ரசமும்தான் சாப்பாடு. ஈரத் துணிகளை விசிறிக்கு அடியில் விரித்துக்கொண்டிருந்தேன். அவர் தட்டைப் பார்த்தபடியே கேட்டார்.

"நாளைக்கு வேலைக்குப் போறப்ப உன் பைய எங்க வைப்பே?"

"எப்பவும்போல முதுகுல."

"அது அங்க இருந்தா, நான் எங்க இருக்கறது?"

கையிலிருந்த சட்டையை மடித்தேன். அது மடிக்க வேண்டிய சட்டையே இல்லை, இன்னும் ஈரம்.

"வேற எடம் பாத்து வைக்கிறேன்," என்றேன்.

"பாத்து வைய்யி. காலைல கீழ எல்லாரும் நிப்பானுங்க. நான் ஏறினதுக்கு அப்புறம் நீ பைய இழுத்துக்கிட்டு, அத இதத் திருத்திக்கிட்டு நிக்கக் கூடாது. ஏறினோம், புடிச்சோம், கெளம்பினோம்னு இருக்கணும்."

"சரி."

"கோப்பிக் கடைகிட்ட ஸ்லோ பண்ணாத."

"அங்க வேகத்தடை மேடு இருக்கு. ஸ்லோ பண்ணித்தான் ஆகணும்."

"சரி, மேட்டுக்கு மட்டும்," என்றார்.

ஜூலை 15, திங்கட்கிழமை. எழுந்ததும் முதல் வேலையாக முதுகுப்பையில் இருந்ததையெல்லாம் மேசையில் கொட்டி, வேண்டியதை மட்டும் ஒரு சின்னப் பையில் போட்டு, கீழே எடுத்துப்போய் பெட்ரோல் டாங்கின் மேல் இரண்டு பட்டையால் கட்டினேன். இழுத்துப் பார்த்தேன், நகரவில்லை. ஹேண்டிலை இடது பக்கமும் வலது பக்கமும் கடைசிவரை திருப்பிப் பார்த்தேன். பை எங்கேயும் தட்டவில்லை.