வாய் முளைத்த வழுவழு

சினிமாவில் கதாநாயகனுக்கு யார் குரல் கொடுத்தார் என்று கேட்டால் ஊரே பதில் சொல்லும். அவனிடம் அடி வாங்கி மாடியிலிருந்து விழுகிறவனுக்கு யார் குரல் கொடுத்தார் என்று கேளுங்கள், ஒருவருக்கும் தெரியாது. அவனும் வாயைத் திறந்துதானே கத்துகிறான்? அந்தக் கத்தல் என்ன வானத்திலிருந்தா வருகிறது? பெரும்பாலும் அது ஐயோ அண்ணனிடமிருந்து வந்தது.

அவருக்கும் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்தது. டப்பிங் ஸ்டுடியோவில் அது யாருக்கும் நினைவில்லை. இளம் வயதில் நண்பன் ஒருவனுக்குத் துணையாகக் குரல் தேர்வுக்கு வந்தவர், நிலவறையில் இருந்த ஸ்டுடியோவுக்கு இறங்கும் படிக்கட்டில் வழுக்கி, கடைசிப் படி வரைக்கும் உட்கார்ந்தபடியே வந்து சேர்ந்தார். வழியெல்லாம் அவர் போட்ட "ஐயோ"வைக் கேட்டு டப்பிங் டைரக்டர் அம்மா கதவைத் திறந்துகொண்டு ஓடிவந்தார். அடிபட்டதா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. "இதையே இன்னொரு தடவை சொல்ல முடியுமா?" என்றுதான் கேட்டார். நண்பனை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

அன்று ஆரம்பித்தது சாவு. குதிரையிலிருந்து விழுந்து செத்தார், முதலை வாயில் போனார், எரிமலைக் குழம்பில் மூழ்கினார். விஷத்துக்கு ஒரு முனகல், கத்திக்கு ஒரு முனகல் என்று தனித்தனியாக வைத்திருந்தார். ஸ்டுடியோவுக்கு நேர் மேலே பல் டாக்டரின் அறை. அண்ணன் சாகிற நாட்களில், காத்திருக்கும் நோயாளிகள் வலியைப் பொறுத்துக்கொண்டு எழுந்து வீட்டுக்குப் போய்விடுகிறார்கள் என்று டாக்டர் பலமுறை கீழே இறங்கிச் சண்டைக்கு வந்திருக்கிறார்.

அவருக்கு வசனம் கொடுத்துப் பார்க்காமல் இல்லை. கொடுத்தார்கள், அதில்தான் வண்டவாளம் தெரிந்தது. டப்பிங்கில் உதடு ஒட்டும் இடம்தான் உயிர். 'ப'வும் 'ம'வும் உதடு ஒட்டாமல் வராது. ஆகவே திரையில் இருப்பவர் உதட்டை மூடும் நேரத்தில் நம் வசனத்திலும் ஒரு 'ப'வோ 'ம'வோ வந்தாக வேண்டும். அண்ணன் அந்த உதட்டை உற்றுப் பார்ப்பார். பார்க்கப் பார்க்கப் பயம் வந்துவிடும். திரையில் வாய் மூடியிருக்கும்போது இவர் "ஆ" என்பார், அங்கே வாய் திறக்கும்போது இங்கே கப்சிப். ஒரு காதலன் காதலியிடம் பேசுவது, பின்னால் ஒளிந்திருக்கும் வேறு யாரோ பேசுவது போல ஆகிவிட்டது. சாகிறவனின் உதட்டை யாரும் கவனிப்பதில்லை என்பதால், அவரை மறுபடி சாகவே அனுப்பினார்கள்.

இதில் உண்மையாக மனம் நொந்தவர் அவர் மனைவி. அந்த அம்மாள் மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துச் சட்டத்தில் பொருத்தும் வேலை பார்த்தாள். ஒவ்வொரு படத்துக்கும் முதல் வாரமே கணவனோடு போய் உட்கார்ந்துவிடுவாள்.

"இதுல நீங்க எங்க?"

"இப்ப லாரி மோதும் பாரு, மூணாவது ஆள்."

"மோதிடுச்சே! அதுக்குள்ள முடிஞ்சிடுச்சா?"

ஒரு நாள் படம் விட்டு வரும் வழியில் சொன்னாள்: "கல்யாணம் ஆனதுல இருந்து தியேட்டர்ல நீங்க சாகறதைத்தான் பாத்துட்டிருக்கேன். ஒரு தடவையாவது நீங்க பேசி நான் கேக்கணுங்க." சண்டையாகச் சொல்லியிருந்தால் அண்ணன் மறந்திருப்பார். மெதுவாகச் சொன்னாள். அது அவர் நெஞ்சில் தைத்துவிட்டது. அதற்குப் பிறகு உலகத்தில் அவருக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

அப்போதுதான் அந்த வெளிநாட்டுப் படம் வந்தது. 'அண்டம் காக்கும் உதவாக்கரைகள்' என்று அதற்குத் தமிழில் பெயர் வைத்தார்கள். எந்தக் கிரகத்திலும் வேலை கிடைக்காத ஒரு கூட்டம் ஓட்டை விண்கலத்தில் ஏறி அண்டத்தைக் காப்பாற்றுகிற கதை. கலம் கிளம்பினாலே வாந்தி எடுக்கும் ஒரு கேப்டன் பெண், கூட்டல் வராத ஒரு ரோபோ, இருட்டைக் கண்டால் அழும் மலை போன்ற ஒரு மல்லன். நாலாவதாக வழுவழு. அது ஒரு பச்சை நிறக் கொழகொழ உருண்டை. அதற்குக் கண் உண்டு, ரோஷம் உண்டு, ஓயாத பேச்சு உண்டு. வாய் மட்டும் கிடையாது. மனசாலேயே பேசும்.

"வாயே இல்லையா?" என்றார் அண்ணன்.

"இல்ல. உங்களுக்குன்னே எவனோ கண்டுபிடிச்சிருக்கான்," என்றார் டைரக்டர் அம்மா.

அண்ணன் பின்னி எடுத்தார். பார்த்துப் பயப்பட உதடு இல்லாததால் வசனம் அருவி மாதிரி கொட்டியது. வழுவழு கேப்டனைத் திட்டியது, ரோபோவுக்குத் தப்புத் தப்பாகக் கணக்குச் சொல்லிக்கொடுத்தது. சவுண்டு எஞ்சினியர் அந்தக் குரலில் கொஞ்சம் தண்ணீர்க் குமிழிச் சத்தத்தைக் கலந்துவிட்டார். கணவர் இந்தப் படத்தில் வசனம் பேசுகிறார் என்று மனைவி அக்கம்பக்கம் முழுக்கச் சொல்லி வைத்தாள். அண்ணன் நடையிலேயே ஒரு மிடுக்கு வந்தது.

கடைசிக் காட்சி வந்தது. விண்கலத்தில் பெரிய ஓட்டை விழுகிறது, காற்றெல்லாம் வெளியே போகிறது. வழுவழு தன்னையே அந்த ஓட்டையில் திணித்து அடைத்துக்கொள்கிறது. இனி அது உள்ளே வர முடியாது. கேப்டன் அழுகிறாள். அவள் அழுவதைப் பார்த்து உணர்ச்சி பொங்கிய வழுவழுவுக்கு, திரை முழுக்க, தடித்த இரண்டு உதடுகளோடு ஒரு வாய் முளைக்கிறது. முளைத்த வாய் ஒரே ஒரு வசனம் பேசுகிறது.

அண்ணனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அந்த வாய் அவரை விழுங்குவது போல இருந்தது.

வசனம் எழுதுகிறவரைப் புலவர் என்பார்கள். அவர் பெருமையோடு வந்து விளக்கினார்: "வாய் பெரிசா திறக்குது, ஒட்டுது, கொஞ்சம் இழுபட்டுத் திறக்குது, திரும்ப ஒட்டித் திறக்குது. அதுக்குக் கச்சிதமா எழுதியிருக்கேன். 'நாம் பிரிவது விதியம்மா'. 'நாம் பி'ல ஒரு ஒட்டு, 'யம்மா'ல ஒரு ஒட்டு. கண்ணை மூடிட்டுச் சொல்லலாம்."

அண்ணன் கண்ணைத் திறந்துகொண்டு சொன்னார். வாய் திறந்தபோது மூச்சை இழுத்தார், ஒட்டியபோது "நாம்" என்றார். வாய் மொத்தமாக முடிந்த பிறகு "விதியம்மா" தனியாக வந்தது. இன்னொரு முறை சொன்னபோது பழக்கதோஷத்தில் கடைசியில் ஒரு சாவு முனகலும் சேர்ந்துகொண்டது. மேலே பல் டாக்டரின் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. மதியம் வரை இதே கூத்து.

டைரக்டர் அம்மா கண்ணாடித் தடுப்புக்குப் பின்னாலிருந்து, பதிவு அறைக்குள் பேசும் பொத்தானை அமுக்கினார். "அண்ணே, தப்பா நினைக்காதீங்க. கதாநாயகனுக்கெல்லாம் பேசுற நம்ம கம்பீரக் குரல்காரர் வந்துட்டிருக்கார். இந்த ஒரு வரியை அவர் பேசட்டும்."

"அப்ப நான் முன்னாடி பேசினதெல்லாம்?"

டைரக்டர் அம்மா பொத்தானிலிருந்து விரலை எடுத்து, மறுபடி அமுக்கினார். "ஒரு பாத்திரத்துக்கு ரெண்டு குரல் எப்படிண்ணே வைக்கிறது? மொத்தத்தையும் அவரே பேசிடுவார்."

கம்பளி ஒட்டிய சுவர்களுக்கு நடுவே அண்ணன் மைக்குக்கு முன்னால் அப்படியே நின்றார். எஞ்சினியர் கையில் பாதி கடித்த ரொட்டியோடு வெளியே போனார். போகிறவர் திரையையும் நிறுத்தவில்லை, பதிவையும் நிறுத்தவில்லை. காட்சி தன்பாட்டுக்குத் திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டிருந்தது. அண்ணன் சட்டைப்பையில் போன் துடித்தது. உள்ளே போன் எடுக்கக் கூடாது. எடுத்தார்.

"என்னங்க, எல்லாம் பேசி முடிச்சிட்டீங்களா?" மனைவியின் குரலில் அவ்வளவு ஆசை. "கடையில எல்லாரும் கேக்கறாங்க. முதல் காட்சிக்கே போறதுன்னு முடிவு பண்ணியாச்சு."

அண்ணன் போனைக் காதோடு அழுத்தினார். கண்ணை இறுக மூடிக்கொண்டார். என்ன சொல்வது? இல்லை என்று சொல்ல நாக்கு எழவில்லை. வேறு எதையாவது கேட்க வேண்டுமே என்று கேட்டார்:

"சாப்பிட்டியாம்மா?"

கண்ணாடியில் படபடவென்று தட்டும் சத்தம் கேட்டது. மாட்டிக்கொண்டோம் என்று போனை அணைத்துப் பைக்குள் போட்டார். டைரக்டர் அம்மா கண்ணாடிக்குப் பின்னால் நின்று ஏதோ கத்திக்கொண்டிருந்தார். பொத்தானை அமுக்க மறந்துவிட்டதால் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு கதவைத் திறந்துகொண்டு அவரே ஓடிவந்தார்.

"போனை எடுத்தது தப்புதாம்மா..."

"போன் கிடக்கட்டும்! இங்க வந்து பாருங்க!"

பதிவானதைப் படத்தோடு திரும்ப ஓட்டிக் காட்டினார். திரையில் அந்தப் பெரிய வாய் திறந்தது: சா. ஒட்டியது: ப். இழுபட்டது: பிட்டி. திறந்தது: யா. ஒட்டித் திறந்தது: ம்மா. மயிரிழை பிசகவில்லை. அண்டத்துக்காகத் தன்னைக் கொடுத்துவிட்ட பச்சை உருண்டை, அழுகிற கேப்டனைப் பார்த்து, தழுதழுத்த குரலில் சாப்பிட்டாயா என்று கேட்டது.

எஞ்சினியர் ரொட்டியோடு திரும்பி வந்து பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். புலவர் கொதித்தார். "அண்டமே அழியப் போகுது, அது சாப்பாட்டைப் பத்திக் கேக்குதே! என் விதி என்ன ஆச்சு?"

"அழியற நேரத்துல வேற என்னத்தைக் கேக்கறது?" என்ற டைரக்டர் அம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டார். "அந்தக் கம்பீரத்துக்குப் போன் போட்டு வர வேண்டாம்னு சொல்லுங்க."

சுத்தமாக இன்னொரு தடவை எடுக்கலாம் என்று முயன்றார்கள். அண்ணன் கண்ணைத் திறந்தார், திரையைப் பார்த்தார், பிந்திப் பேசினார். விட்டுவிட்டார்கள். போனில் பேசியதே படத்தில் போயிற்று. அன்றிரவு என்ன பேசினீர்கள் என்று மனைவி அண்ணனை நச்சரித்தாள். தியேட்டரில் பார்த்துக்கொள் என்று மட்டும் சொன்னார்.

தியேட்டர் நிரம்பியிருந்தது. வழுவழு வந்தது, பேசியது, எல்லோரும் சிரித்தார்கள். மனைவி மட்டும் முழங்கையால் இடித்தாள். "நீங்க எப்ப வருவீங்க?"

"இப்ப பேசுதே, அது நான்தான்."

"இதுவா? குளிக்கிற தொட்டிக்குள்ள இருந்து யாரோ கொப்பளிக்கற மாதிரி இருக்கு." அவள் முகம் சுருங்கிவிட்டது. அண்ணனும் இருக்கையில் சரிந்து சுருங்கினார். குமிழியைக் கலந்த எஞ்சினியரை மனசுக்குள் திட்டினார். இத்தனை பாடும் வீண்தான் என்று நினைத்தார்.

ஓட்டை விழுந்தது. வழுவழு அடைத்துக்கொண்டது. வாய் முளைத்தது. வாய் வந்துவிட்டதால் இனிக் குமிழி எதற்கு என்று எஞ்சினியர் அந்த இடத்தில் சத்தத்தை எடுத்துவிட்டிருந்தார். கலப்பில்லாத குரல் தியேட்டர் முழுக்கக் கேட்டது.

"சாப்பிட்டியாம்மா?"

குபீரென்று சிரிப்பு எழுந்தது. கேப்டன் பதில் சொல்ல முடியாமல் தேம்புவதைப் பார்த்து அது அப்படியே அடங்கியது. யாரோ மூக்கைச் சிந்தினார்கள். அண்ணன் பக்கத்தில் திரும்பிப் பார்த்தார். மனைவி இரண்டு கையாலும் முன்னிருக்கையைப் பிடித்துக்கொண்டு பாதி எழுந்து நின்றாள். கன்னமெல்லாம் தண்ணீர்.

"இன்னும் இல்லீங்க," என்றாள், திரையைப் பார்த்து, எல்லோருக்கும் கேட்க.

பின்வரிசை ஆள் எரிச்சலோடு, "உக்காரும்மா, சத்தம் போடாத, படம் பாக்க வேணாமா?" என்றார்.

அவள் அவரைத் திரும்பிப் பார்த்து உதட்டில் விரலை வைத்தாள்.

"ஷ்ஷ்! எங்க வீட்டுக்காரர் பேசறாரு."