அம்மா பெயரில் போட்ட ஊசி

உள்ளங்கை அளவுள்ள நீல நிற அட்டை அது. முன்பக்கம் அம்மாவின் புகைப்படம், பெயர், வரிசை எண். பின்பக்கம் மாதத்துக்கு ஒன்றாக, முப்பத்தொரு கட்டங்கள் அச்சிட்ட தாள்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஓரத்தில் ஒட்டியிருக்கின்றன. அம்மாவின் முகத்தில் பாதியை மறைத்தபடி ஊதா மையில் ஒரு முத்திரை, அதற்குள் வழக்கின் சான்றாவண எண். பிளாஸ்டிக் உறையைப் பிரித்தால் இன்றும் லேசாக ஏலக்காய் மணக்கும். அத்தை இறந்த பிறகு அவளுடைய தகரப் பெட்டியில் இருந்தவற்றை ஒரு தாளில் எழுதினேன். எழுதி வைக்காமல் எனக்கு எதுவும் மனதில் நிற்காது. சேலை ஆறு, மூக்குக் கண்ணாடி ஒன்று, நடைச்சட்டத்தின் காலில் மாட்டும் தேய்ந்த ரப்பர் ஒன்று, மருத்துவமனைச் சீட்டுகள், இந்த அட்டை. சேலைகள் வெறுமனே மடித்துக் கிடந்தன. அடுத்தவள் பெயர் போட்ட இந்த அட்டையை மட்டும் அத்தை கைக்குட்டையில் சுற்றி வைத்திருந்தாள்.

அத்தை என் அப்பாவின் அக்கா. போடியில் எங்கள் வீட்டுக்கு மூன்று வீடு தள்ளி இருந்தாள். அம்மா வேலை பார்த்த ஏலக்காய் கம்பெனியில் ஒரு காலத்தில் அத்தைக்கும் நிரந்தர இடம் இருந்தது. மாமா படுக்கையில் விழுந்து ஒரு மாதம் அவள் போகாமல் இருந்ததில் அது போய்விட்டது. அங்கே எழுதாத சட்டம் ஒன்று உண்டு. காய் பிரிக்கிற வரிசையில் ஓர் இடம் ஒரு நாள் காலியாகக் கிடந்தால், மறுநாள் அதில் வேறொருத்தி உட்கார்ந்திருப்பாள். அதனால் கல்யாணம், காய்ச்சல், பிள்ளையின் பள்ளிக்கூடம் என்று எதற்கு நின்றாலும் பெண்கள் தங்கள் அட்டையைக் கொடுத்து உறவுக்காரி ஒருத்தியை அனுப்பிவைப்பார்கள். வாசலில் யாரும் படத்தைப் பார்ப்பதில்லை. சூப்பர்வைசருக்கு எல்லாம் தெரியும். காய் பிரிந்தால் அவருக்குப் போதும்.

மாமா போனபின் அத்தையின் பிழைப்பு இப்படி அடுத்தவர் அட்டைகளில்தான் ஓடியது. "திங்கக்கெழம நான் உங்கம்மா, புதங்கெழம எதுத்த வீட்டுக்காரி. என் சொந்தப் பேரு ரேசன் கடைக்காரனுக்குத்தான் ஞாபகம் இருக்கும் ஆத்தா," என்று சொல்லிச் சிரிப்பாள். அவள் காய் பிரிப்பதை நான் பார்த்திருக்கிறேன். இடது கை வெடித்ததையும் கருத்ததையும் ஒதுக்கும். வலது கை பச்சையை ஒரு பக்கமும் வெளுத்ததை ஒரு பக்கமும் தள்ளும். கண் இரண்டும் பேசுகிறவர் முகத்தில் இருக்கும்.

மருத்துவ ஆய்வகப் படிப்பில் எனக்கு இடம் கிடைத்து, சான்றிதழ் சரிபார்ப்புக்கு மதுரைக்கு வரச் சொன்னார்கள். பெற்றோரில் ஒருவர் உடன் வர வேண்டும். அப்பா கூடலூரிலிருந்து லோடு ஏற்றிக்கொண்டு கேரளாவுக்குப் போயிருந்தார். அம்மா என்னோடு வந்தாள், அத்தை அம்மாவின் அட்டையோடு கம்பெனிக்குப் போனாள். அந்த மாதம் ஊரெல்லாம் காய்ச்சல். கம்பெனியில் வரிசை வரிசையாக ஆட்கள் நின்றுவிட்டதால், முதலாளி ஃப்ளூ தடுப்பூசி முகாமுக்கு ஏற்பாடு செய்திருந்தார். ஊசி போட்டவர்களுக்குத்தான் மறுநாள் முதல் வேலை என்று அன்று காலையில்தான் அறிவித்தார்கள். சூப்பர்வைசர் அட்டையைப் பார்த்துப் பெயர் சொல்ல, பட்டியலில் அம்மாவின் பெயருக்கு எதிரே ஒரு டிக் விழுந்தது.

மதுரையிலிருந்து நாங்கள் திரும்பியபோது அத்தை கையைத் தேய்த்துக்கொண்டு எங்கள் வீட்டில் உட்கார்ந்திருந்தாள். "இந்தா, ஒனக்குப் போட வேண்டிய ஊசிய நான் வாங்கிட்டு வந்துட்டேன். பேரு ஒனக்கு, கைவலி எனக்கு," என்றாள் அம்மாவிடம். நாங்கள் மூவரும் சிரித்தோம்.

ஊசி போட்ட பதினேழாம் நாள் அத்தை, "பாதத்துல எறும்பு ஊருற மாதிரி இருக்குத்தா," என்றாள். மறுநாள் வாசற்படியில் கால் மடங்கி விழுந்தாள். அதற்கடுத்த நாள் சோற்றைப் பிசைய முடியவில்லை. தேனியில் பார்த்துவிட்டு உடனே மதுரைக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். அங்கே போய்ச் சேரும்போது உதடுகள் மூடவில்லை, பேச்சு குழறி நின்றுவிட்டது. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே நரம்புகளைத் தாக்குகிற நோய் என்றார் மருத்துவர். நான் ஆய்வகப் படிப்பில் சேர்ந்திருப்பதாக அம்மா பெருமையாகச் சொல்லிவிட்டதால், அவர் கேள்விகளை என்னிடமே கேட்டார். சமீபத்தில் காய்ச்சல் வந்ததா? இல்லை. வயிற்றுப்போக்கு? இல்லை. ஏதாவது தடுப்பூசி போட்டுக்கொண்டார்களா?

கம்பெனி சூப்பர்வைசர் பழப்பையோடு கட்டிலின் கால்மாட்டில் நின்றுகொண்டிருந்தார். அம்மா என் மணிக்கட்டை அழுத்தினாள். அட்டை மாற்றியது காகிதத்தில் ஏறினால் அம்மாவின் இடம் போய்விடும், என் கல்லூரிக் கட்டணம் அந்த இடத்தை நம்பித்தான் இருந்தது.

"இல்லை," என்றேன். மருத்துவர் எழுதிக்கொண்டார்.

அந்தப் பதிலால் சிகிச்சை மாறவில்லை. உண்மையைச் சொல்லியிருந்தாலும் இதே மருந்தைத்தான் கொடுத்திருப்போம் என்று பின்னாளில் அவரே சொன்னார். பல ஆண்டுகளாக நான் பிடித்துக்கொண்டிருக்கிற ஆறுதல் அது ஒன்றுதான். பத்தொன்பது நாள் அத்தை மூச்சுக்கருவியில் கிடந்தாள். உயிர் மீண்டது, குரல் மீண்டது, நடைச்சட்டத்தைப் பிடித்து நான்கு அடி வைக்கிற அளவுக்குக் கால் மீண்டது. விரல்கள் மட்டும் திரும்பவில்லை. சேலைக் கொசுவத்தைக்கூட அம்மாதான் சொருகிவிட வேண்டும்.

வழக்குப் போடலாம் என்று சொன்னது அப்பாவுக்குத் தெரிந்த ஒரு வக்கீல். தடுப்பூசியால் பாதிப்பு என்றால் கொடுப்பதற்கு நம் நாட்டில் தனி நிதி எதுவும் இல்லை, ஊசி தயாரித்தவர்கள் மேல் தவறு காட்டவும் வழியில்லை என்றார். ஆனால் வேலைக்கு நிபந்தனையாக ஊசி போட்டதால் முதலாளியிடம் இழப்பீடு கேட்கலாம். அதற்கு இரண்டு காகிதங்கள் குறுக்கே நின்றன. ஒன்று, அத்தை அன்று அங்கே இல்லை என்று சொல்லும் முகாம் பட்டியல். மற்றொன்று, அவளுக்கு ஊசியே போடவில்லை என்று சொல்லும் மருத்துவமனைப் பதிவு. "ரெண்டையும் நீங்க ரெண்டு பேரும்தாம்மா ஒடைக்கணும்," என்றார் எங்களைப் பார்த்து.

நாங்கள் ஓராண்டுக்கு மேல் வாயைத் திறக்கவில்லை. அன்று இரண்டு பத்தியாக நான் எழுதிய தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. இடப்பக்கம், சொன்னால் என்ன போகும். வலப்பக்கம், சொன்னால் என்ன கிடைக்கும். இடப்பக்கம் நீளமாக இருந்தது. அத்தை எங்களிடம் எதுவும் கேட்கவில்லை.

அம்மாவை அசைத்தது சூப்பர்வைசரின் ஒரு பேச்சு. அத்தையின் நோயைப் பற்றி வரிசையில் யாரோ முணுமுணுக்க, அவர் அம்மாவைக் கைகாட்டி எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாராம்: "இந்தா, இவுகளுந்தான் அந்த ஊசியப் போட்டாக. குத்துக்கல்லாட்டம் இருக்காகள்ல?" அம்மா அன்று மத்தியானமே வீட்டுக்கு வந்துவிட்டாள். கையைக்கூடக் கழுவவில்லை. "வக்கீலுக்குப் போனப் போடு," என்றாள்.

அம்மா வாக்குமூலம் கொடுத்த வாரத்திலேயே அவள் இடத்தில் வேறொருத்தி உட்கார்ந்துவிட்டாள். அது எதிர்பார்த்ததுதான். நாங்கள் எதிர்பாராதது மற்ற பெண்களின் மௌனம். அன்று அந்தக் கூடத்தில் நாற்பது பேருக்குக் குறையாமல் இருந்தார்கள். அத்தை ஊசி போட்டுக்கொண்டதை அத்தனை பேரும் பார்த்தவர்கள். அம்மா வீடு வீடாகப் போய்க் கூப்பிட்டாள். ஒருத்தி கதவுக்குப் பின்னாலிருந்தே, "நான் அன்னைக்கு வேலைக்கு வரலக்கா," என்றாள். அது உண்மைதான், அன்று அவளுடைய அட்டை மட்டும் வேறொருத்தி கையில் வந்திருந்தது. ஒருத்தி சாட்சி சொன்னால் எல்லா அட்டைகளையும் எடுத்துப் பார்ப்பார்கள். அட்டை மாற்றாதவள் அந்தக் கூடத்தில் ஒருத்திகூட இல்லை. அத்தை இதை முன்பே அறிந்திருந்தாள். "அவளுகள ஏன் போட்டு ஒலப்புற? நானா இருந்தாலும் போகமாட்டேன்," என்றாள் அம்மாவிடம்.

விசாரணையில் அம்மா நடுங்காமல் பேசினாள். அன்று அம்மா மதுரையில் இருந்ததற்குக் கல்லூரிப் பதிவேட்டில் அவள் போட்ட கையெழுத்தை எங்கள் வக்கீல் காட்டினார். "இந்தம்மா அங்க இல்லங்கிறது சரி. அதனால அந்தம்மா அங்க இருந்ததா ஆயிருமா?" என்று கேட்டார் கம்பெனி வக்கீல். பிறகு என் முறை வந்தது. மருத்துவமனைப் பதிவை என் கையில் கொடுத்து, அந்த வரியை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன்.

"இதச் சொன்னது யாரு?"

"நான்."

"அன்னைக்கு டாக்டர்கிட்டச் சொன்னது பொய்யா, இன்னைக்கு இங்க சொல்றது பொய்யா?"

"அன்னைக்குச் சொன்னதுதான் பொய்."

"நல்லது, உக்காருங்க," என்றார். அதற்கு மேல் என்னிடம் கேட்க அவருக்கு எதுவும் தேவைப்படவில்லை.

மருத்துவர் நேர்மையாகச் சொன்னார். இந்த நோய் பெரும்பாலும் ஏதாவது ஒரு தொற்றுக்குப் பின்தான் வருகிறது. ஃப்ளூ ஊசிக்குப் பிறகு மிக அரிதாக வருவதுண்டு. இவருக்கு அதனால்தான் வந்தது என்று உறுதியாகச் சொல்ல இயலாது. இருக்கலாம். அந்த 'இருக்கலாம்' வரை போகவேண்டிய தேவையே தீர்ப்பில் எழவில்லை. மனுதாரர் அன்று அந்த இடத்தில் வேலை செய்ததும், ஊசி போட்டுக்கொண்டதும் நிரூபிக்கப்படவில்லை என்று மனு தள்ளுபடியானது. அத்தை உத்தரவின் நகலைப் பெற்றுக்கொள்ள ரேகை வைக்க வேண்டியிருந்தது. கட்டை விரலை மையில் அழுத்தவும் அவளால் முடியாததால், எழுத்தர் பிடித்து உருட்டினார். மேல்முறையீடு வேண்டாம் என்று அவளே சொல்லிவிட்டாள். சான்றாவணங்களைத் திருப்பித் தந்தபோது இந்த அட்டையை அம்மா கிழித்துப்போடப் போனாள். "அத எங்கிட்டக் குடு," என்று அத்தை வாங்கிக்கொண்டாள்.

ஊசியின் மேல் எனக்குக் கோபமில்லை. இப்போது தேனியில் ஒரு மருத்துவமனை ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். ஆண்டுதோறும் ஃப்ளூ ஊசி போட்டுக்கொள்கிறேன், பட்டியலில் என் பெயர் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கையை நீட்டுவேன். அந்தக் கம்பெனியில் இப்போது அட்டை இல்லை, விரல்ரேகைக் கருவி வைத்துவிட்டார்கள். காய்ச்சல் வந்து நின்றவளின் இடம் பறிபோகிறது, அவ்வளவுதான்.

கடைசி மாதங்களில் அத்தை தினமும் காலையில் ஒரு கைப்பிடி ஏலக்காயைத் தட்டில் கொட்டச் சொல்வாள். கையை முழுதாகத் தேய்த்து ஒவ்வொரு காயாக ஓரத்துக்குத் தள்ளுவாள். ஒரு கைப்பிடி முடிய மத்தியானமாகும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் எதிரில் உட்கார்ந்து, அத்தனை நாள் சொல்லாததைச் சொன்னேன். "டாக்டர் கேட்டப்ப ஊசி போடலன்னு சொன்னது நான்தான் அத்தை." விசாரணையில் இது வந்தபோது அவளை வெளியே பெஞ்சில் உட்கார வைத்திருந்தார்கள். அவளுக்குத் தெரியாது என்றே நான் நினைத்திருந்தேன்.

அவள் கை நிற்கவில்லை. "கேட்டுச்சு," என்றாள். "அன்னைக்கு வாய்தான் வரல. காது நல்லாத்தான் கேட்டுச்சு." பிறகு, "தட்ட இன்னுங்கொஞ்சம் இங்கன தள்ளு," என்றாள்.

நான் தள்ளிவைத்தேன்.

இப்போது அட்டை என் மேசையில் இருக்கிறது. அதில் எங்கேயும் அத்தையின் பெயர் இல்லை. பின்பக்கத்துத் தாள்களைப் புரட்டி, அந்த நாளுக்குரிய கட்டத்தைத் தேடிப் பார்த்தேன். சூப்பர்வைசரின் சுருக்கொப்பம் மங்காமல் அப்படியே இருக்கிறது. அன்று அம்மா வேலைக்கு வந்திருக்கிறாள்.