கண்மாய்க் கரையில் தூக்கிய கை

கரைமேல் ஏறிவிட்டால் பேசக்கூடாது என்பது பறவை பார்க்கப் போகும் எங்கள் நால்வருக்குள் இருந்த வழக்கம். தண்ணீரில் ஏதாவது தெரிந்தால் அந்தப் பக்கம் கையை நீட்ட வேண்டும். மேலே பறந்தால் கையை நேராகத் தூக்க வேண்டும். மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

வழக்கத்தைக் கொண்டுவந்தவர் நாகமலை புதுக்கோட்டையில் குடியிருக்கும் அண்ணன். ஆபீஸ் வேலை பார்ப்பவர். அவர் தெருவில் இருக்கும் டீச்சர், பார்த்த பறவைகளை நோட்டில் குறிப்பார். மூன்றாவது ஆள் என்னோடு படித்தவன், மதுரைக்குள் தையல்கடை வைத்திருக்கும் பாய். நான்காவது ஆள் நான். பத்தாவதோடு நின்று, இரும்புக்கடையில் சாமான் எடுத்துக் கொடுக்கிறேன். ஆட்களிடம் பேச எனக்கு வராது. "அந்த சைஸ் ஆணி இல்லை" என்று சொல்வதற்குப் பதிலாக, உள்ளே போய்த் தேடுவது போல் நின்றுவிட்டு வந்திருக்கிறேன்.

பாய்தான் என்னை இதில் சேர்த்துவிட்டான். "வந்து பாரு மாப்ள. அங்க பேசுனாத்தான் திட்டுவாய்ங்க. ஒனக்குன்னே செஞ்ச எடம்" என்றான். உண்மைதான். வாரம் முழுக்க நான் காத்திருந்தது அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலைக்காகத்தான்.

தை மாதம். சோழவந்தான் ரோட்டிலிருந்து உள்ளே போகும் ஒரு கண்மாய். அந்த வருஷம் நல்ல மழை, தண்ணீர் கரையைத் தொட்டுக் கிடந்தது. பாதி முங்கிய கருவேல மரங்களில் நாரைகள் அடைந்திருந்தன. அண்ணன் கேமராவையும் ஸ்டாண்டையும் தூக்கிக்கொண்டு டீச்சரோடு மடைப் பக்கம் நடந்து போய்விட்டார். பைனாகுலர் இரண்டும் அவர்களுடையவை. கேட்டால் கொடுப்பார்கள், நான் கேட்க மாட்டேன். பாய் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், கிட்டப் போய்ப் பார்க்கிறவன். செருப்பைக் கழற்றிவிட்டு, பேண்டை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினான். என்னைத் திரும்பிப் பார்த்து, மரத்தைக் காட்டிச் சிரித்தான்.

முந்தின கோடையில் அந்தக் கண்மாய்க்குள் மெஷின் விட்டு மண் அள்ளியிருந்தார்கள். ஆள் மட்டத்துக்கும் அதிகமான பள்ளங்கள். நாங்களே பார்த்து, இப்படித் தோண்டிப் போட்டிருக்கிறார்களே என்று பேசியிருக்கிறோம். தண்ணீர் வந்து எல்லாம் ஒரே மட்டமாகத் தெரிந்ததும் நால்வருக்குமே அது மறந்துபோனது.

முழங்கால் அளவில் நடந்துகொண்டிருந்தவன் அடுத்த எட்டில் கழுத்து வரை போய்விட்டான். சத்தம்கூட இல்லை. இரண்டு கையும் தண்ணீரை அடித்தன. நாடியையும் வாயையும் தண்ணீருக்கு மேலே தூக்கிக்கொண்டு நின்றான். நின்றான் என்பதும் சரியில்லை, காலடியில் சகதி அவனைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துக்கொண்டிருந்தது. அவனுக்கும் நீச்சல் தெரியாது, எனக்கும் தெரியாது. அண்ணனுக்குத் தெரியும். அண்ணன் கரையில் தூரத்தில், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

நான் கையைத் தூக்கினேன்.

கத்தவில்லை. கையை அவன் பக்கம் நீட்டக்கூட இல்லை, நேராக மேலே தூக்கினேன். டீச்சர் தற்செயலாகத் திரும்பியவர் என்னைப் பார்த்துவிட்டார். அண்ணன் தோளைத் தட்டினார். இருவரும் ஒன்றாகப் பைனாகுலரை எடுத்து வானத்தைப் பார்த்தார்கள். அந்த நேரம் பார்த்து உண்மையிலேயே ஒரு கூழைக்கடா பெரிய இறக்கையை மெதுவாக அடித்துக்கொண்டு மேலே போய்க்கொண்டிருந்தது. நான் இரண்டு கையையும் ஆட்டினேன். அவர்கள் கண் என்மேல் இல்லை. டீச்சர் கட்டைவிரலை உயர்த்தி, பார்த்துவிட்டேன் என்று காட்டிவிட்டுக் குனிந்து நோட்டில் எழுதினார்.

பாயின் வாய் தண்ணீருக்குள் போய் மேலே வந்தது. மறுபடி போனது.

தொண்டையைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. என்ன சொல்லிக் கத்துவது என்றே தெரியவில்லை. காப்பாத்துங்க என்பதா, அண்ணே என்பதா, அவன் பேரையா. அந்த நிலைமையிலும் எனக்குக் கூச்சமாக இருந்தது. இதை எழுதுவதற்கே கை கூசுகிறது, ஆனால் நடந்தது அதுதான். மனசுக்குள் நான் கத்திக்கொண்டுதான் இருந்தேன். வெளியே ஒரு ஆள்காட்டிக் குருவி மட்டும் எங்களைச் சுற்றிச் சுற்றிக் கத்தியது.

கரையிலிருந்து சறுக்கி இறங்கி ஓடினேன். தண்ணீர் காலில் பட்டதும்தான் வாய் திறந்தது. "அண்ணே, ஆளு முங்குது" என்று வந்தது. அது என் குரலா என்று எனக்கே தெரியவில்லை. மரத்திலிருந்த அத்தனை நாரையும் ஒன்றாக எழுந்தன. இறக்கைச் சத்தத்தில் நான் இரண்டாம் தடவை கத்தியது எனக்கே கேட்கவில்லை. ஆனால் அண்ணன் ஓடி வந்துகொண்டிருந்தார்.

அப்போது தண்ணீருக்கு மேலே தெரிந்தது பாயின் ஒரு கைதான்.

அண்ணன் கேமரா ஸ்டாண்டோடு இறங்கினார். டீச்சர் கரையில் ஒரு வேரைப் பிடித்துக்கொண்டு என் சட்டையைப் பிடித்தார். நான் அண்ணன் இடுப்பைப் பிடித்தேன். அவர் பள்ளத்து விளிம்பு வரை போய் ஸ்டாண்டை நீட்டினார். இரண்டு தடவை அவன் கை அதில் பட்டு வழுக்கியது. மூன்றாவது தடவை பிடித்தான்.

கரையில் குப்புறப் போட்டு முதுகை அமுக்கியதும் தண்ணீரும் சேறுமாக வாந்தி எடுத்தான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். ஒரு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள்.

"நல்லவேளை நீ கத்துன. இல்லேன்னா இன்னைக்கு ஆளு இல்ல" என்றார் அண்ணன். டீச்சரும் தலையாட்டினார். எப்போது கத்தினேன் என்று அவர்கள் கேட்கவில்லை. நான் சொல்லவும் இல்லை. டீச்சரின் நோட்டில் அன்றைய தேதியில் 'கூழைக்கடா 1' என்று இருக்கிறது. அதற்குக் கீழே ஒன்றும் இல்லை.

அதன்பிறகு கடையில் யாராவது கையைத் தூக்கி எதையாவது காட்டினால் நான் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு அவர்கள் முகத்தைப் பார்த்தேன். மூன்று வாரம் கழித்துத்தான் தையல்கடைக்குப் போனேன். போகாமல் இருக்க முடியவில்லை. பாய் ஒரு பள்ளிக்கூட யூனிபார்ம் சட்டைக்குக் கையால் காஜா எடுத்துக்கொண்டிருந்தான்.

"வா மாப்ள. உக்காரு." நூலைப் பல்லால் கடித்துவிட்டு, தலையைத் தூக்காமல் சொன்னான்: "நீ கையத் தூக்குனியே, நான் பாத்தேன்."

நான் கீழே கிடந்த வெட்டுத் துணி ஒன்றை எடுத்து மடித்தேன்.

"பாத்துட்டு நானும் மேல பாத்தேன்டா. கழுத்து வரைக்கும் தண்ணி, காலுக்கடியில தரையே இல்ல, அப்பவும் என்ன பறவைன்னு பாக்குறேன். எம்புட்டுக் கிறுக்கனா இருக்கணும்." சிரித்தான். சிரிப்பு பாதியில் இருமலாகிவிட்டது. இருமல் அவனை இன்னும் விடவில்லை.

"எனக்குக் கத்த வரல" என்றேன்.

"தெரியும்."

"ரொம்ப நேரம் வரல."

ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டு என்னைப் பார்த்தான். "எம்புட்டு நேரம்?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். "கூழைக்கடா இந்தக் கரையிலருந்து அந்தக் கரைக்குப் போற வரைக்கும்" என்றேன்.

அவன் ஊசியைத் துணியிலிருந்து உருவிக் கையில் வைத்துக்கொண்டான். கூழைக்கடா எவ்வளவு மெதுவாகப் பறக்கும் என்று அவனுக்குத் தெரியும்.