கோட்டுக்கும் கயிற்றுக்கும் நடுவில்

லைன்ஸ்மனுக்கு முதுகுப் பக்கம் காது மட்டும்தான் வேலை செய்யும். உதைபந்தாட்ட மைதானத்தின் கரையில் கொடியோடு ஓடுகிற அந்த மனிதன் பந்தைப் பார்க்க வேண்டும், கடைசித் தடுப்பு வீரனைப் பார்க்க வேண்டும், நடுவில் விசிலோடு நிற்கும் மத்தியஸ்தரையும் பார்க்க வேண்டும். பின்னால் நின்று தன் தாயையும் தகப்பனையும் இழுத்துப் பேசுகிறவனை மட்டும் பார்க்கக் கூடாது. திரும்பினானோ, அந்த நேரம் பார்த்து முன்னால் ஏதாவது நடந்துவிடும். எங்கள் ஊர் மைதானங்களில் கோட்டுக்கும், சனத்தை மறிக்கக் கட்டிய கயிற்றுக்கும் நடுவில் இரண்டு முழம் இருந்தால் பெரிய காரியம். ஆட்டம் சூடு பிடித்தால் சனம் கயிற்றையும் தள்ளிக்கொண்டு வந்துவிடும். அதன் பிறகு யாரோ ஒருவருடைய வெற்றிலை வாசம் கழுத்தில் அடிக்க அடிக்கத்தான் ஓட வேண்டும்.

என்னை யாரும் அந்த வேலைக்குப் பிடித்துத் தள்ளவில்லை. பாடசாலையில் கணக்குப் படிப்பித்துக்கொண்டிருந்த காலத்தில் நானாகவே மத்தியஸ்தர் பரீட்சை எழுதிச் சித்தியடைந்தேன். விசில் ஊதுவதில் எனக்கு விருப்பம் இருக்கவில்லை. விசில்காரன் சமாளிக்கலாம், கண்டும் காணாதது போல விடலாம். கொடி அப்படியில்லை, ஒன்றில் மேலே, இல்லாவிட்டால் கீழே. என் குணத்துக்கு அதுதான் சரி. என்னோடு கதைப்பதும் மதிலோடு கதைப்பதும் ஒன்றுதான் என்று மனுசி கலியாணமாகி ஒரு மாதத்திலேயே சொல்லிவிட்டாள்.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. கட்டியவன் உடுப்புப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவளுடைய ஊருக்குப் போய்விட வேண்டும். நானும் போனேன். பிறந்த ஊருக்கும் கட்டிய ஊருக்கும் இடையில் நீர்வேலி வாழைத் தோட்டங்களும் இரண்டு மூன்று சந்திகளும்தான். சைக்கிளில் ஏறினால் வியர்க்க முன் போய்ச் சேரலாம். ஆனால் எத்தனை வருஷம் இருந்தாலும் கட்டிய ஊரில் நான் வந்தவன்தான். பிறந்த ஊரிலோ நான் போனவன்.

மனுசியின் தம்பி, என் மச்சான், அவளுடைய ஊர்க் கழகத்தின் முன்வரிசை ஆட்டக்காரன். நல்ல பிள்ளை; பந்து காலில் இல்லாத நேரத்தில் வாயே திறக்கமாட்டான். பிறந்த வீட்டில் அம்மாவோடு என் தங்கச்சி இருந்தாள். கோயில் திருவிழாவில் ஒருவரை ஒருவர் பார்த்திருக்கிறார்கள். அவன் தன் தமக்கையிடம் சொன்னான். அவள் என்னிடம் சொன்னாள். நான் தங்கச்சியிடம் கேட்டபோது அவள் நிலத்தைப் பார்த்துக்கொண்டு, உங்களுக்கு விருப்பமெண்டால் எனக்கும் விருப்பம் என்றாள். அவள் அப்படி நிலத்தைப் பார்த்து நான் கண்டதேயில்லை. வழக்கமாக என்னையே நிலத்தைப் பார்க்க வைக்கிறவள். சாதகமும் பொருந்திவிட்டது. மாற்றுச் சம்பந்தம் என்று இரண்டு வீட்டுக்கும் சந்தோஷம். உதைபந்தாட்டப் போட்டியெல்லாம் முடிந்த பிறகு வரும் வெள்ளிக்கிழமை பெரியவர்கள் போய்க் கலியாணத்தை முற்றாக்குவதாகப் பேச்சு.

தொண்ணூறாம் ஆண்டு ஆனியில் சண்டை திரும்பத் தொடங்கி இரண்டு வருஷம் ஆகியிருந்த காலம் அது. மின்சாரம் இல்லை, மண்ணெண்ணெய் இல்லை, கொழும்புப் பேப்பர் இல்லை. யாழ்ப்பாணத்தை விட்டு வெளியே போகப் பாஸ் வேண்டும். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைச் சுற்றி, அந்த டைனமோவில் றேடியோ கேட்டோம். செய்தி முடியும் முன்பே கை சோர்ந்துவிடும். ஆனால் பின்னேரமானால் பந்து உருண்டது. கிழிந்த பந்துக்குச் சைக்கிள் ரியூப் ஒட்டுப் போட்டோம். சுண்ணாம்பு கிடைக்காததால் அடுப்புச் சாம்பலால் கோடு இழுத்தோம். உள்ளே அடைபட்டுக் கிடந்த சனத்துக்குக் கத்துவதற்கு வேறு இடம் இருக்கவில்லை.

அந்த வருஷத்து இறுதிப் போட்டிக்கு வந்த கழகங்கள் இரண்டு: ஒன்று நான் பிறந்த ஊர், மற்றது நான் கட்டிய ஊர். மூன்றாவது ஊர் ஒன்றின் மைதானத்தில் ஆட்டம். கொடி பிடிக்கக் கரவெட்டியிலிருந்து ஒருவர் வருவதாக ஏற்பாடு. அன்று அவர் வரும் வழியில், வல்லை வெளியில், ஹெலிகொப்டர் நின்று சுடுகிறது, ஒரு குருவிகூடக் கடக்க முடியாது என்று செய்தி வந்தது. நான் பார்வையாளனாகத்தான் போயிருந்தேன். இரண்டு கழகக்காரரும் ஒரே குரலில் என்னைக் கேட்டார்கள். ஒரு பகுதிக்கு நான் தங்கள் மருமகன், மற்றப் பகுதிக்குத் தங்கள் பெடியன். என்னை நேர்மையானவன் என்று நினைத்து யாரும் கேட்கவில்லை. மாட்டேன் என்று சொல்லிப் பார்த்தேன். நீங்கள் இல்லையெண்டால் மாட்ச் இல்லை, மாஸ்டர் என்றார்கள். இத்தனை சனமும் எனக்காகத் திரும்பிப் போகுமா? கொடியை வாங்கினேன்.

எனக்குத் தந்த கரையில் நின்றது முழுக்க மனுசியின் ஊர்ச் சனம். திரும்பாமலே ஒவ்வொரு குரலையும் எனக்குத் தெரியும். இது மாமியின் தமையன், இது பக்கத்து வளவுக்காரர், இந்த இருமல் மனுசியின் சித்தப்பா. முதற் பாதியில் அவர்கள் எனக்குச் சோடா தந்து, மருமோன், கவனமாய் ஓடுங்கோ என்றெல்லாம் சொன்னார்கள். இரண்டாம் பாதி தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் என் பிறந்த ஊர்க்காரர் ஒரு கோல் போட்டுவிட்டார்கள். அதோடு சோடா நின்றுபோனது. கயிறும் என் குதிக்காலுக்கு வந்துவிட்டது.

ஓஃப்சைட் விதி நான் படித்த புத்தகத்தில் மிகவும் தெளிவாக இருந்தது. பந்து உதைபடும் அந்தக் கணத்தில், முன்னால் நிற்கும் ஆட்டக்காரன், கோல் காப்பவனை விட்டால் எதிரணியின் கடைசி ஆளுக்குப் பின்னால் நிற்க வேண்டும். தாண்டி நின்றாலும் பிழை. ஒரே நேராக நின்றாலும் பிழைதான். இதை நான் நித்திரையிலும் சொல்லுவேன்.

ஆட்டம் முடியப்போகிற நேரம். நடுவிலிருந்து ஒரு நீண்ட பந்து வந்தது. அது காலை விட்டுக் கிளம்பிய கணத்தில் மச்சானும் எதிரணியின் கடைசி ஆளும் எனக்கு முன்னால் தோளுக்குத் தோள், அடிமட்டம் வைத்துக் கீறினது போல ஒரே நேராக நின்றார்கள். நான் இம்மிகூடப் பிசகாமல் கண்டேன். பிறகு மச்சான் பறந்தான். கோல் காப்பவனை ஏமாற்றிப் பந்தை உள்ளே தள்ளினான். பின்னால் எழுந்த சத்தத்தில் என் காது அடைத்தது. ஆனால் அதற்கு முன்பே என் கை மேலே போய்விட்டது. கையைத் தூக்குவதா விடுவதா என்று யோசிக்க நேரமில்லை. யோசித்திருந்தால் தங்கச்சியின் முகம் வந்திருக்கும்.

மத்தியஸ்தர் கொடியைப் பார்த்தார், விசில் ஊதினார், கோல் இல்லை என்று கையைக் காட்டினார். என் முதுகில் யாரோ குடைக் கம்பியால் குத்தினார்கள். இருமல் கேட்டது. மச்சான் என்னிடம் ஓடி வந்து நின்றான்.

“நேராத்தான் நிண்டனான், அத்தான்.”

“நேரெண்டாலும் ஓஃப்சைட்தான். போய் விளையாடு” என்றேன்.

அவன் திரும்பி ஓடினான். ஆத்திரத்தில் கேட்டானே தவிர, அவனுக்கும் அதே விதிதான் தெரியும். ஒரு கோல் வித்தியாசத்தில் மனுசியின் ஊர் தோற்றது. அதைவிடக் கொடுமை, என் பிறந்த ஊர்ப் பெடியள் ஓடி வந்து என்னைத் தோளில் தூக்கினார்கள். பெத்த ஊரை விட்டுக்குடுக்கேல்லைப் பாருங்கோ என்று கத்தினார்கள். இறக்குங்கோடா பேயன்களே என்று நானும் கத்தினேன். யார் கேட்டது? இரண்டு ஊரும் எதிலும் ஒத்துப்போனதில்லை. அன்றைக்கு ஒன்றில் ஒத்துப்போனார்கள்: நான் பிறந்த ஊருக்காகக் கொடி தூக்கினேனாம். ஒரு பகுதி அதற்காக என்னைத் தூக்கியது, மற்றப் பகுதி அதற்காகக் காறித் துப்பியது. உண்மையாகவே ஓஃப்சைட்டா என்று ஒரு மனிதனும் கேட்கவில்லை.

வீட்டில் எனக்கு யாரும் முகம் கொடுக்கவில்லை. சாப்பாடு வந்தது, சத்தம் வரவில்லை. கோபித்துக்கொண்டு வெளியே போகலாம் என்றால் போகிற இடமெல்லாம் அவர்களுடைய சொந்தம். பொம்மர் இரைந்தால் எல்லோரும் வளவுக்குள் வெட்டிய ஒரே பங்கருக்குள்தான் இறங்க வேண்டும். அதற்குள் மாமியின் முழங்காலும் என் முழங்காலும் முட்டிக்கொண்டிருக்கும், மச்சான் மூலையில் மண்சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பான், மனுசி நடுவில் இருந்து இரண்டு பக்கமும் பாராமல் தேவாரம் முணுமுணுப்பாள். மேலே குண்டு, கீழே இது. சில நேரம் குண்டே பரவாயில்லை என்று எனக்குத் தோன்றியிருக்கிறது.

வெள்ளிக்கிழமைக்கு முதல் நாள் மாமி வாயைத் திறந்தார். கழகத்துப் பெரியவர்கள் வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். நான் கழகத்துக்கு வந்து, கண் பிசகிப்போச்சு, கொடி பிழை என்று எல்லோருக்கும் முன்னால் சொன்னால் போதுமாம். கிண்ணத்தைத் திருப்பிக் கேட்கப் போவதில்லையாம், மானம் மட்டும் திரும்பி வந்தால் சரியாம். சொல்லாவிட்டால் அந்த ஊரிலிருந்து பெண் எடுப்பது எப்படி என்று சித்தப்பா கேட்டாராம்.

“தம்பி, பிழையெண்டு ஒரு சொல்லுச் சொன்னால் உங்கடை நாக்குத் தேஞ்சு போகாது” என்றார் மாமி.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் தங்கச்சியை நினைத்து வாயை மூடிக்கொண்டு, அவளிடம் போகச் சைக்கிளை எடுத்தேன். பொய்தான், ஒரு பொய்தானே, சொல்லித் தொலைத்தால் என்ன என்று வழி முழுக்க யோசித்தேன். சொல்லுவதென்றே முடிவெடுத்துக்கொண்டு போனேன். அவளிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நேரே கழகத்துக்குப் போவதாக எண்ணம்.

அவள் கிணற்றடியில் நின்று கேட்டாள். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

“அண்ணை, உண்மையாவே ஓஃப்சைட்தானோ?”

அந்த ஒரு கேள்வியை இரண்டு ஊரிலும் கேட்டவள் அவள் ஒருத்திதான்.

“ஓம்” என்றேன். “என்ரை கண்ணாலை கண்டனான்.”

“அப்ப பிழையெண்டு சொல்லாதேங்கோ.”

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். வேண்டாம் அண்ணை, பொய்யிலை வாற கலியாணம் எனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டு, வாளியைத் தூக்கிக்கொண்டு கத்தரிக் கன்றுகளுக்குப் போய்விட்டாள். நானும் கழகத்துக்குப் போகவில்லை. வெள்ளிக்கிழமை யாரும் எங்கும் போகவில்லை. அடுத்த வருஷம் மச்சான் கிளாலிக் கடல் கடந்து, கொழும்புக்குப் போய், அங்கிருந்து ஜெர்மனிக்குப் போனான். புறப்படும்போது என் கையைப் பிடித்துவிட்டுத்தான் போனான். பிறகு அங்கேயே ஒரு பெண்ணைக் கட்டிவிட்டதாகக் கடிதம் வந்தது. தங்கச்சிக்கு இரண்டு சம்பந்தம் வந்து இரண்டும் சரிவரவில்லை. கட்டுகிற வயதுப் பெடியள் யாழ்ப்பாணத்தில் யார் இருந்தார்கள்?

தொண்ணூற்றைந்து தொடக்கத்தில் சண்டை கொஞ்சம் நின்றபோது மனுசியை ஒப்பரேசனுக்காகக் கொழும்புக்குக் கொண்டுபோனேன். தங்கியிருந்த லொட்ஜில் தொலைக்காட்சி இருந்தது. அதில் ஒரு பின்னேரம் ஐரோப்பிய ஆட்டம் ஒன்று போனது. வருஷக்கணக்காகக் காணாத காட்சி, கண்ணை எடுக்காமல் பார்த்தேன். முன்வரிசைக்காரன் ஒருவன் கடைசி ஆளுக்கு நேரே நின்றான், பந்து வந்தது, ஓடினான், கோல். லைன்ஸ்மன் கொடியைத் தூக்கவேயில்லை.

“கொடி எங்கையடா, கோதாரி விழுவான்?” என்று துடையில் அடித்தேன்.

பக்கத்திலிருந்த பெடியன் என்னை விசித்திரமாகப் பார்த்தான். நேராக நின்றால் ஓஃப்சைட் இல்லை, ஐயா, அதை எப்பவோ மாற்றிவிட்டார்கள் என்றான். நான் அவனோடு சண்டைக்குப் போனேன். அடுத்த நாள் ஒரு மைதானத்தைத் தேடிப் போய், இடைவேளையில் கொடியோடு நின்ற ஒருவரையே பிடித்துக் கேட்டேன். அவர் சிரித்தார்.

“அது தொண்ணூறிலையே மாத்தியாச்சு. நீங்கள் எந்த உலகத்திலை இருக்கிறியள்?”

யாழ்ப்பாணத்தில் என்றேன். அவர் சிரிப்பை நிறுத்திவிட்டார்.

எங்கள் ஆட்டம் தொண்ணூற்றிரண்டில். அன்றைக்கு மச்சான் போட்டது நல்ல கோல். நான் கண்டது சரி, கண் இம்மியும் பிசகவில்லை. விதி மட்டும் வெளியே மாறியிருந்தது, எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் மனுசியிடம் சொன்னேன். அவள் கேட்டுவிட்டு மற்றப் பக்கம் திரும்பிப் படுத்தாள்.

ஊர் திரும்பியதும் மனுசியை வீட்டில் விட்டுவிட்டுச் சைக்கிளை எடுத்தேன். சொல்லாமல் விட்டிருக்கலாம். ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்டவளுக்குப் பிழையான மறுமொழி சொல்லியிருக்கிறேன். அதை அப்படியே விட என்னால் முடியாது. அவள் அதே கிணற்றடியில்தான் நின்றாள். கப்பியில் கயிறு பாதியில் நின்றது. நான் விதியையும், அதை மாற்றிய வருஷத்தையும், தொலைக்காட்சியையும், அந்த லைன்ஸ்மனையும் சொல்லி முடிக்கும்வரை கயிற்றை அவள் விடவில்லை.

“அதுக்கு நீங்கள் என்ன செய்யிறது, அண்ணை? எங்களுக்கு ஆர் சொன்னது?” என்றாள் கடைசியில்.

வாளியை மேலே இழுத்தாள். தண்ணீரை ஊற்றினாள். திரும்பவும் வாளியை இறக்கினாள். பிறகு கிணற்றுக்குள் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

“அவருக்கு இது தெரியுமோ?”

ஜெர்மனியில் வாரத்துக்கு வாரம் ஆட்டம் காட்டுவார்கள். போன முதல் குளிருக்கே அவனுக்குத் தெரிந்திருக்கும். எங்கள் வீட்டுக்கு அவன் எழுதிய கடிதம் எல்லாவற்றிலும் என்னைச் சுகம் விசாரித்திருந்தான்; இதைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை.

“தெரிஞ்சிருக்கும்” என்றேன்.

அவள் தலையை ஆட்டிக்கொண்டு வாளியை இழுக்கத் தொடங்கினாள்.